குவெர்னிகாவின் முன்னால் கால்வலி

அன்புள்ள ஆசிரியருக்கு,

மகளைப் பார்க்க மாட்ரிட் போயிருந்தோம். ரெய்னா சோபியா அருங்காட்சியகத்தில் பிக்காஸோவின் குவெர்னிகா முன் இருபது நிமிடம் நின்றேன். கல்லூரி நாட்களிலிருந்து பார்க்க ஆசைப்பட்ட ஓவியம். மனதில் எதுவும் எழவில்லை. பக்கத்தில் ஒரு பெண்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்குக் கால்வலிதான் தெரிந்தது. டாலி வரைந்த, ஜன்னலோரம் நிற்கும் பெண்ணின் படம் மட்டும் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. "அது எல்லோருக்கும் பிடிக்கிற படம் அம்மா" என்று மகள் சிரித்தாள். நவீன ஓவியம் பார்க்க எனக்குத் தகுதி இல்லையோ?

கே., கோவை

அன்புள்ள கே.,

முதல்முறை எனக்கும் அங்கே கால்வலிதான். மாலை ஏழு மணிக்கு மேல் கட்டணம் இல்லை என்பதால் காத்திருந்து நுழைந்து, ஒன்பது மணிக்குள் எல்லாவற்றையும் பார்த்துவிட ஓடினேன். பதினெட்டாம் நூற்றாண்டு மருத்துவமனைக் கட்டடம் அது. தாழ்வாரங்கள் முடிவதே இல்லை. திருப்பதியிலாவது 'ஜருகண்டி' சொல்ல ஆள் உண்டு. அங்கே என்னை நானே தள்ளிக்கொண்டிருந்தேன்.

இன்னொரு சிக்கல், நாம் அந்த ஓவியத்தை ஏற்கெனவே 'பார்த்துவிட்டு'த்தான் போகிறோம். நான் முதலில் கண்டது ஒரு சிற்றிதழில், உள்ளங்கை அளவில். கறுப்பும் வெள்ளையும் சாம்பலுமான ஓவியம் என்பதால் மட்டமான அச்சிலும் பெரிதாக எதுவும் குறைந்ததாகத் தோன்றவில்லை. ஏழே முக்கால் மீட்டர் அகலச் சுவரின் முன் நின்றபோது, தெரிந்த முகத்தைப் பெரிய பதாகையில் பார்ப்பதுபோல் இருந்தது, அவ்வளவுதான்.

ஆனால் அது மௌனமாக நின்று கண்கலங்குவதற்கென்று வரையப்பட்டது அல்ல. 1937 பாரிஸ் உலகக் கண்காட்சியில் ஸ்பெயின் குடியரசின் அரங்குக்காகக் கேட்டு வாங்கிய சுவரோவியம். முன்னால் அமெரிக்கச் சிற்பி கால்டரின் பாதரச நீரூற்று. ஜனங்கள் வருவதும் போவதுமாக இருந்த இடம். கேட்டது ஜனவரியில். ஏப்ரல் வரை பிக்காஸோவுக்கு உருப்படியாக ஒரு கருப்பொருள் அமையவில்லை. ஏப்ரல் 26 அன்று, உள்நாட்டுப் போரில் குடியரசை எதிர்த்துப் போரிட்ட தளபதி பிராங்கோவுக்குத் துணையாக வந்த ஜெர்மானிய, இத்தாலிய விமானங்கள் பாஸ்க் நகரமான குவெர்னிகாவைக் குண்டு வீசி எரித்தன. மே முதல் தேதி பென்சிலை எடுத்தார். ஜூன் தொடக்கத்தில் முடித்துவிட்டார்.

அந்த ஐந்து வாரங்களைத்தான் நீங்கள் தவறவிட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஓவியம் வளர்ந்த நிலைகளை, பிக்காஸோவின் தோழியும் புகைப்படக் கலைஞருமான டோரா மார் எடுத்த புகைப்படங்களும் அதே அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. நானும் இரண்டாம் முறைதான் அவற்றைக் கவனித்தேன். விழுந்து கிடக்கும் போர்வீரனின் கை, தொடக்கத்தில் முஷ்டி மடக்கி விறைப்பாக மேலே உயர்ந்திருக்கிறது. குடியரசுத் தரப்பினரின் வணக்கம் அது. அடுத்த நிலையில் முஷ்டிக்குள் தானியக் கதிர், பின்னால் சூரியன். பிறகு கையே காணாமல் போகிறது. தரையை நோக்கிக் குனிந்திருந்த குதிரையின் தலை மேலெழுந்து ஓவியத்தின் நடுவைப் பிடித்துக்கொள்கிறது. சூரியன் சுருங்கிக் கண்போல ஆகி, கடைசியில் அதற்குள் ஒரு மின்விளக்கு.

பணம் கொடுத்த அரசின் முழக்கத்தையே அழித்திருக்கிறார், பாருங்கள். முஷ்டி இருந்திருந்தால் அது நல்ல சுவரொட்டி. போர் முடிந்ததும் கிழித்துவிடலாம். அதைக் கண்டபின் திரும்பிப் போய்ப் பார்த்தபோது, படத்தில் விமானமும் இல்லை, குண்டும் இல்லை என்பதே எனக்கு அப்போதுதான் உறைத்தது. தரையில் உடைந்த வாளைப் பற்றிய கை, பக்கத்தில் ஒரு சின்னப் பூ. சிற்றிதழ் அச்சில் அந்தப் பூ என் கண்ணில் பட்டதே இல்லை.

கண்ணைத் துடைத்த பெண்மணியோடு உங்களை ஒப்பிட வேண்டாம். அவர் ஸ்பானியராக இருந்திருக்கலாம். மக்களின் உரிமைகள் மீளும்வரை ஓவியம் ஸ்பெயினுக்குப் போகக்கூடாது என்று பிக்காஸோ சொல்லியிருந்தார். அவர் 1973இல் இறந்தார், போரில் வென்று ஸ்பெயினை ஆண்ட பிராங்கோ 1975இல். அதுவரை நியூயார்க்கில் இருந்த ஓவியம் 1981இல்தான் மாட்ரிட் வந்தது. முதலில் வேறொரு கட்டடத்தில், குண்டு துளைக்காத கண்ணாடிக்குப் பின்னால். ரெய்னா சோபியாவுக்கு வந்தது 1992இல். இதையெல்லாம் வீட்டுக் கதையாகக் கேட்டு வளர்ந்தவர் அழுவதும், நீங்கள் அழாததும், இரண்டும் இயல்புதான்.

டாலியின் படத்துக்கு வருகிறேன். மகள் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். 1925இல், டாலிக்குப் பின்னாளில் புகழ் தந்த உருகும் கடிகார ஓவியத்துக்கெல்லாம் முன்பு, தங்கை அனா மரியாவை நிற்கவைத்து வரைந்தது. முகமே இல்லை, முதுகும் நீலமும் கடாகெஸ் என்ற கடலோர ஊரின் விரிகுடாவும் மட்டும். அவள் பார்ப்பதை அவள் தோளுக்குப் பின்னால் நின்று நாமும் பார்க்கிறோம். எல்லோருக்கும் பிடிக்கிறது என்பது ஒரு படத்தின் குற்றமா என்ன? எனக்கும் பிடிக்கும். அடுத்த முறை போனால் அதிலிருந்தே தொடங்குங்கள், பிறகு டோரா மாரின் படங்கள், அதன்பின் குவெர்னிகா. மற்ற தளங்களை விட்டுவிடுங்கள். செவ்வாய்க்கிழமை மட்டும் போய்விடாதீர்கள், விடுமுறை.