இராயனுக்கு எதுவரை?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பலவும் சட்டமா, வேதமா என்ற ஒரே கேள்வியைச் சுற்றியே இருந்ததால் அவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். பெயர் வேண்டாம் என்று எழுதியவர்கள் அதிகம் என்பதால் யார் பெயரும் இல்லை.

கேள்வி: எங்கள் சபையின் இரவு ஜெபத்தில் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது என்று காவல்துறை சொல்லிவிட்டது. ஆளும் அதிகாரங்களுக்குக் கீழ்ப்படியச் சொல்லிப் பவுல் எழுதிய ரோமர் 13-இன்படி கீழ்ப்படிவோம் என்கிறார்கள் சிலர். "மனுஷருக்குக் கீழ்ப்படிகிறதைப்பார்க்கிலும் தேவனுக்குக் கீழ்ப்படிகிறதே அவசியம்" என்று அப்போஸ்தலர் 5:29-ஐக் காட்டுகிறார்கள் மற்றவர்கள். எது சரி?

காவல்துறை ஜெபிக்காதே என்றதா, ஸ்பீக்கரை நிறுத்து என்றதா? உங்கள் கடிதத்தைப் பார்த்தால் இரண்டாவதுதான். அப்படியானால் அணைத்துவிடுங்கள். கர்த்தருக்குக் காது கேட்கும்.

பேதுரு அந்த வார்த்தையை எப்போது சொன்னார் என்று பாருங்கள். இயேசுவின் நாமத்தினாலே எவ்வளவும் பேசவும் போதிக்கவும் கூடாது என்று யூதத் தலைவர்களின் ஆலோசனைச் சங்கம் ஏற்கெனவே கட்டளையிட்டிருந்தது. எதைச் செய்யச் சொல்லிக் கர்த்தர் அனுப்பினாரோ, அதையே செய்யாதே என்றார்கள். அப்போஸ்தலர்கள் மறுத்தார்கள், அடி வாங்கினார்கள், சந்தோஷமாகப் போனார்கள். அந்த வசனத்தைக் கொண்டுவந்து ஆம்ப்ளிஃபயருக்குக் காவல் நிறுத்துவது நியாயமில்லை. பவுலும் சீலாவும் நடுராத்திரியில் பாடவில்லையா என்று உங்கள் சபையில் ஒருவராவது கேட்பார். பாடினார்கள். சிறைச்சாலையில் பாடினார்கள், மைக் இல்லாமல்!

ஒன்று மட்டும் கவனியுங்கள். அந்த விதி எல்லோருக்கும் பொதுவா, உங்கள் சபைக்கு மட்டுமா? உங்களுக்கு மட்டும் என்றால் கதை வேறு. அப்போதும் சட்டத்தை மீற வேண்டியதில்லை, சட்டத்தையே கையில் எடுத்துக்கொண்டு போய் நில்லுங்கள். பிலிப்பியில் பவுலை விசாரிக்காமலே அடித்துச் சிறையில் போட்டார்கள். மறுநாள் காலை சத்தமில்லாமல் போய்விடு என்று ஆள் அனுப்பினார்கள். பவுல் நகரவில்லை. "நாங்கள் ரோமர், அவர்களே வந்து எங்களை வெளியே அழைத்துவிடட்டும்" என்றார். அதிகாரிகள் வந்து கெஞ்ச வேண்டியதாயிற்று. பின்னால் செசரியாவில் இராயனுக்கு, அதாவது ரோமப் பேரரசனுக்கு, அபயமிட்டதும் இதே பவுல்தான். இன்றைய பேச்சில் மேல்முறையீடு. ரோமர் 13-ஐ எழுதிய கை மனு எழுதவும் தயங்கவில்லை. நீங்கள் ஏன் தயங்க வேண்டும்?

கேள்வி: பொய்யான ஒரு அறிக்கையில் கையெழுத்துப் போடச் சொல்கிறார் என் மேலதிகாரி. அவரும் தேவன் வைத்த அதிகாரம்தானே? மறுத்தால் வேலை போகலாம். பிள்ளைகள் படிக்கிறார்கள்.

போதகராவதற்கு முன் அரசு அலுவலகம் ஒன்றின் தபால் பிரிவில் குப்பை கொட்டியவன் நான். அங்கே முத்திரைதான் ராஜா. நடுவில் ரப்பர் பல்லில் தேதி இருக்கும். குச்சியால் ஒரு பல் பின்னால் தள்ளினால் போதும், இன்று நேற்றாகிவிடும். கடைசி நாள் கடந்து வந்த ஒரு விண்ணப்பத்துக்கு அப்படித் தள்ளச் சொன்னார் என் மேலாளர். நான் சொன்னேன்: "சார், இன்றைய தேதி போட்டு இப்போதே மேலே அனுப்புகிறேன். தாமதத்தை மன்னிக்க உங்களுக்கு அதிகாரம் இருக்கிறது. கோப்பில் காரணம் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள், ஒரு பிரச்சினையும் வராது." அவர் எழுதவில்லை. பக்கத்து இருக்கைக்காரர் முத்திரையை வாங்கித் தள்ளினார். அடுத்த வாரம் என்னைப் பழைய கோப்புகள் கிடக்கும் அறைக்கு மாற்றினார்கள். தூசியும் கரையானும், நல்ல அமைதியும். அங்கேதான் வேதாகமம் முழுவதையும் வாசித்து முடித்தேன், அது தனிக் கதை.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு அல்ல, பாபிலோன் அரண்மனைக்குச் சிறைபிடித்துக்கொண்டு போகப்பட்ட தானியேலிடம் கற்றது. ராஜாவின் போஜனத்தால் தீட்டுப்படக் கூடாது என்று தீர்மானித்தவன் தட்டைத் தூக்கி எறியவில்லை. பத்து நாள் பருப்பு முதலான மரக்கறியும் தண்ணீரும் கொடுத்துச் சோதித்துப் பாரும் என்று விசாரணைக்காரனிடம் கேட்டான். அந்த ஆளின் தலையும் தப்ப வேண்டுமே என்று யோசித்திருக்கிறான். நீங்களும் முதலில் வேறு வழி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள். "உண்மையான எண்களைப் போட்டு நானே இன்று ராத்திரிக்குள் தயாரித்துத் தருகிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். எழுத்தில் கேட்டால் பாதிப் பேர் பின்வாங்கிவிடுவார்கள்.

அதற்கும் மசியாவிட்டால்? கையெழுத்துப் போடாதீர்கள். அதிகாரி தேவனுடைய ஊழியக்காரன் என்கிறார் பவுல். ஊழியக்காரன் எஜமானுக்கு விரோதமாகக் கட்டளையிட்டால் அந்தக் கட்டளைக்கு மட்டும் மதிப்பில்லை. அதற்காக மற்ற வேலைகளில் அவரைப் பழிவாங்காதீர்கள், பின்னால் பேசாதீர்கள். ராஜாவின் தடையை மீறி ஜெபித்ததற்காகப் போடப்பட்ட சிங்கக் கெபிக்குள் இரவைக் கழித்த தானியேல் காலையில் வாய் திறந்ததும் சொன்னது "ராஜாவே, நீர் என்றும் வாழ்க". எனக்கு அந்த இடத்தில் அந்த வார்த்தை வந்திருக்காது.

பிள்ளைகள் படிப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். அது சின்ன விஷயம் என்று நான் சொல்ல மாட்டேன். இன்றே உங்கள் போதகரிடமும் நம்பிக்கையான இரண்டு பேரிடமும் சொல்லிவையுங்கள். வேலை போனால் தாங்குவது சபையின் கடமை. "தைரியமாயிரு" என்று பிரசங்கம் பண்ணிவிட்டு வீட்டு வாடகையைப் பற்றி வாயே திறக்காத சபைகளைக் கண்டால் எனக்குக் கோபம் வரும்.

கேள்வி: ஹிட்லரின் காலத்தில் ரோமர் 13-ஐக் காட்டித்தானே பல சபைகள் வாயை மூடிக்கொண்டன?

உண்மை, மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் அதே வேதத்தை வைத்து எதிர்த்தவர்களும் இருந்தார்கள். 1934 மே மாதம் ஜெர்மனியின் பார்மன் நகரில் கூடி ஒரு பிரகடனம் வெளியிட்டார்கள். அதன் ஐந்தாவது பிரிவு "தேவனுக்குப் பயந்திருங்கள், ராஜாவைக் கனம்பண்ணுங்கள்" என்ற 1 பேதுரு 2:17-இல்தான் தொடங்குகிறது. நீதியையும் சமாதானத்தையும் காப்பது அரசுக்குத் தேவன் கொடுத்த வேலை என்று ஒப்புக்கொள்கிறார்கள். மனித வாழ்க்கை முழுவதற்கும் அரசே எல்லாம் என்பதை மட்டும் மறுக்கிறார்கள்.

அதை வரைந்ததில் முக்கியமானவர் கார்ல் பார்த், பான் பல்கலைக்கழகத்தில் இறையியல் பேராசிரியர். அந்த வருடம் அரசு ஊழியர் எல்லோரும் ஹிட்லருக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. பார்த் ஒரேயடியாக மாட்டேன் என்று சொல்லவில்லை. ஒரு கிறிஸ்தவனாக நான் பொறுப்பேற்கக்கூடிய அளவுக்கு என்று ஒரு வாக்கியத்தைச் சேர்த்துக்கொள்கிறேன் என்றார். அந்த ஒரு வாக்கியத்தை அரசால் தாங்க முடியவில்லை. 1935-இல் வேலை போனது, அவர் சுவிட்சர்லாந்தின் பாசலுக்குப் போய்விட்டார். ஒரு அரசு தன் எல்லைக்குள் இருக்கிறதா என்று அறிய எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல சோதனை இல்லை. "அளவுக்கு உட்பட்டு" என்றால் அது எப்படி முகம் சுளிக்கிறது என்று பாருங்கள்.

ஜெர்மன் போதகர் போன்ஹாஃபர் ஹிட்லருக்கு எதிரான சதியில் சேர்ந்தது சரியா என்றும் கேட்டிருந்தீர்கள். 1945 ஏப்ரல் 9 அன்று தூக்கில் போடப்பட்ட அந்த மனிதரை இங்கே உட்கார்ந்து தீர்ப்பிட எனக்கு மனமில்லை. எபிரெய ஆண் குழந்தைகளைக் கொல்லச் சொன்ன பார்வோனிடம், அதைச் செய்யாத மருத்துவச்சிகள் சிப்பிராளும் பூவாளும் சொன்ன சாக்கைப் பற்றியே இன்னும் வாக்குவாதம் நடக்கிறது. தேவன் அவர்களுக்கு நன்மை செய்தார் என்று மட்டும் யாத்திராகமம் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது.

கேள்வி: என் வரிப்பணம் எனக்குப் பிடிக்காத காரியங்களுக்குப் போகிறது. கட்டாமல் விடலாமா?

பவுல் வரி கட்டச் சொன்னபோது ரோமின் சிம்மாசனத்தில் இருந்தவன் கொடுங்கோலன் நீரோ. ஆகவே கட்டுங்கள். 18-ஆம் நூற்றாண்டில் ஜான் உல்மன் போன்ற குவேக்கர்கள், அதாவது போரை ஏற்காத கிறிஸ்தவப் பிரிவினர், போருக்கான வரியைக் கட்ட மறுத்தார்கள். ஆனால் வெளிப்படையாகச் சொல்லி மறுத்தார்கள், பொருள்களை ஜப்தி செய்ய வந்தால் தடுக்கவில்லை. வருமானத்தை மறைத்துவிட்டு மனசாட்சி என்று சொல்வதை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

கேள்வி: நான் வெறுக்கும் ஆட்சியாளருக்காக எப்படி ஜெபிப்பது?

பாபிலோனுக்குச் சிறைபிடித்துக்கொண்டு போகப்பட்டவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதத்தை வாசியுங்கள், 29-ஆம் அதிகாரம். அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக ஜெபிக்கச் சொல்கிறார். அவர்களுக்குப் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சாரைப் பிடித்திருக்கும் என்று நினைக்கிறீர்களா? நீங்களும் உங்கள் ஆட்சியாளர் நியாயமாக ஆள வேண்டும், அவருக்கு நல்ல ஆலோசகர் அமைய வேண்டும் என்று தினமும் பெயர் சொல்லி ஜெபியுங்கள். தேர்தல் வந்தால் ஓட்டை வேறு ஒருவருக்குப் போடுங்கள். இரண்டுக்கும் சண்டையில்லை.