அப்பா தொழில்: நிருபர்

கேள்வி: என் கணவர் கடலூரில் ஒரு நாளிதழுக்குத் தாலுகா நிருபர். பதினெட்டு வருஷமாக இதே வேலை. மகன் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறான். சின்ன வயதில் அப்பாவின் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வீடு முழுக்கத் திரிந்தவன், இப்போது அவரோடு வெளியே வரவே கூச்சப்படுகிறான். சினிமாதான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. கேமராவோடு ரவுடிகளைத் துரத்துகிற நிருபரைப் பார்த்துவிட்டு, "நீ ஏம்ப்பா ஒரு தடவைகூட இப்படி எதையும் கண்டுபிடிக்கல?" என்று கேட்டான். இன்னொரு படத்தில் சாவு வீட்டில் மைக்கை நீட்டுகிற கூட்டத்தைப் பார்த்துவிட்டு நண்பர்கள் கேலி செய்திருக்கிறார்கள். செய்திக்குப் பணம் வாங்குவாரா என்கிற அர்த்தத்தில், "உங்கப்பா கவர் வாங்குவாராடா?" என்றும் கேட்டிருக்கிறார்கள். போன வாரம் பள்ளியில் கொடுத்த படிவத்தில் தந்தையின் தொழில் என்ற இடத்தில் 'வியாபாரம்' என்று எழுதிவிட்டான். அவர் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். எனக்குத்தான் மனசு ஆறவில்லை. நானும் சும்மா இருந்தவள் இல்லை. 2011-இல் 'தானே' புயல் அன்று கூரை போன வீட்டில் எங்களை விட்டுவிட்டுச் செய்தி எடுக்கப் போனவர் அவர். "இதெல்லாம் ஒரு வேலையா" என்று பையன் எதிரிலேயே எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். இப்போது அவனிடம் என்ன சொல்வது?

- பெயர் வேண்டாம், திருப்பாதிரிப்புலியூர்

பதில்: அன்புத் தங்கைக்கு,

உங்கள் கடிதத்தை நாலு தடவை படித்தேன். ஒவ்வொரு தடவையும் அந்தக் கையெழுத்து வருகிற இடத்தில் நின்றுவிடுகிறேன். நானும் கடலூரிலும் புதுச்சேரியிலுமாக இருபத்தைந்து வருஷம் நிருபர் வேலை பார்த்தவள். மஞ்சக்குப்பம் மைதானத்தில் வெயிலில் நின்று கூட்டத்தைத் தலை எண்ணியிருக்கிறேன். தள்ளி நின்று புத்தி சொல்ல எனக்கு வரவில்லை. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பையன் கேட்டதில் தப்பே இல்லை. அவன் பார்த்த படங்களில் நிருபர் அப்படித்தான் இருக்கிறார். 'முதல்வன்' 1999-இல் வந்தது. தொலைக்காட்சியில் வேலை பார்க்கிற அர்ஜுன், கையில் ஆதாரத்தோடு முதலமைச்சர் எதிரே உட்கார்ந்து கேள்வி மேல் கேள்வி கேட்கிறார். தியேட்டரில் பார்த்தபோது எனக்கும் உடம்பு சிலிர்த்தது. பிறகு என்ன ஆகிறது? அவரே முதலமைச்சர் ஆகிவிடுகிறார். கேள்வி கேட்பதே ஒரு முழு வேலை என்று அந்தக் கதைக்குத் தோன்றவில்லை. நாற்காலியில் போய் உட்கார்ந்தால்தான் நாயகன். 2011-இல் 'கோ' எடுத்த கே.வி. ஆனந்த், சினிமாவுக்கு வருமுன் பத்திரிகைகளுக்குப் படம் எடுத்தவர். நாளிதழ் அலுவலகத்துச் சத்தமும் ஓட்டமும் அதில் ஓரளவு நிஜமாக இருப்பது அதனால்தான். அந்தப் படமும் தொடங்குவது வங்கிக் கொள்ளையர்களைத் துரத்திப் படமெடுப்பதில்தான்.

துரத்துவதைத் திரையில் காட்டலாம். ஒரு பெயர் சரியா என்று ஆறு பேருக்குப் போன் போடுவதைக் காட்டினால் யார் உட்கார்ந்து பார்ப்பார்கள் என்று பயப்படுகிறார்கள். ஆனால் இந்த வேலையில் முக்கால்வாசி அந்தப் போன்தான். அதைச் செய்யாமல் விட்ட நாள் ஒன்று எனக்கும் உண்டு. இதுவரை எங்கேயும் எழுதியதில்லை.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சுனாமி. கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600 பேருக்கு மேல் உயிர் போயிற்று. அரசு மருத்துவமனைச் சுவரில் கையால் எழுதிய பட்டியலை ஒட்டிக்கொண்டே இருந்தார்கள். நான் நோட்டில் பார்த்து எழுதிக்கொண்டேன். ஈரத்தில் மை பரவி, ஒரு பெயருக்கு முன்னால் இருந்த இனிஷியல் 'கே'யா 'சே'யா என்று தெரியவில்லை. அந்தப் பெயர் ஒரு மீனவக் குப்பத்துச் சாமியின் பெயர். அந்தக் குப்பத்தில் அதே பெயரில் மூன்று பேர் இருந்தார்கள். கேட்டுச் சரிபார்க்க அந்த ஊர்க்காரர்கள் பத்தடி தூரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பக்கம் முடிக்கிற நேரம், போன் பூத்தில் வரிசை வேறு. 'கே' என்றே வாசித்துக் கொடுத்துவிட்டேன்.

பேப்பர் வந்த மறுநாள் அந்த 'கே' இனிஷியல்காரர் நான் இருந்த இடத்தை விசாரித்துக்கொண்டு வந்து நின்றார். கையில் மடித்த பேப்பர். "நாந்தாம்மா இது" என்றார். அலை வந்த கலவரத்தில் அவர் ஒரு முகாமில், மனைவி வேறொரு பள்ளிக்கூடத்தில். அங்கே யாரோ பேப்பரைச் சத்தம் போட்டு வாசித்திருக்கிறார்கள். ஒரு ராத்திரி முழுக்க அந்தப் பெண் தன் புருஷன் செத்துவிட்டதாக நினைத்துக் கிடந்திருக்கிறாள். "வளையலை உடைச்சுட்டாம்மா" என்றார். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். நாலு வரித் திருத்தம் உள்பக்கத்தில் வந்தது. அதற்குப் பிறகு இனிஷியல், அப்பா பெயர், தெரு மூன்றையும் இரண்டு பேரிடம் கேட்காமல் ஒரு சாவுச் செய்தியும் நான் கொடுத்ததில்லை.

இந்தத் தொழிலின் இந்தப் பக்கத்தை நேராகப் பார்த்த படம் என்றால் எனக்கு 2015-இல் வந்த 'ஸ்பாட்லைட்'. அமெரிக்காவில் 'பாஸ்டன் குளோப்' நாளிதழின் சின்னக் குழு ஒன்று, பாதிரியார்கள் குழந்தைகளுக்குச் செய்த பாலியல் கொடுமைகளையும் அதைத் திருச்சபை மூடி மறைத்ததையும் 2002-இல் வெளியே கொண்டுவந்த நிஜக் கதை. படத்தில் ஒரு அடிதடி கிடையாது. பழைய திருச்சபை டைரக்டரிகளை வைத்துக்கொண்டு எந்தப் பாதிரியாரை எந்த வருஷம் எங்கே மாற்றினார்கள் என்று வரிவரியாகத் தேடுகிறார்கள். கதவைத் தட்டுகிறார்கள், முகத்தில் அறைந்து சாத்தப்படுகிறது, அடுத்த கதவைத் தட்டுகிறார்கள். கடைசியில் ஒரு விஷயம் தெரியவருகிறது. 20 பாதிரியார்களைப் பற்றிய தகவல் பல வருஷத்துக்கு முன்பே அந்தப் பேப்பருக்கு வந்திருக்கிறது. சின்னச் செய்தியாகப் போட்டுவிட்டு அப்படியே விட்டிருக்கிறார்கள். அப்போது அந்தப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவர் இதே குழுவின் தலைவர்தான். கூட வேலை பார்ப்பவர்கள் முன்னால் அவர் அதை ஒப்புக்கொள்கிற இடத்தில் எனக்கு அந்த வளையல்தான் ஞாபகம் வந்தது. சிறந்த படத்துக்கான ஆஸ்கரை அதற்குக் கொடுத்தார்கள். பையனோடு உட்கார்ந்து பாருங்கள், அவனுக்கு வயது வந்துவிட்டது.

உங்கள் வீட்டுக்காரர் மாதிரி ஆட்களைக் காட்டிய படமும் ஒன்று உண்டு. 2010-இல் வந்த 'பீப்லி லைவ்', இந்திப் படம். எடுத்த அனுஷா ரிஸ்வி தொலைக்காட்சியில் செய்தியாளராக இருந்தவர். கடன்பட்ட விவசாயி ஒருவர் தற்கொலை செய்துகொள்ளப் போவதாகப் பேச்சு கிளம்பியதும், அவர் வீட்டு வாசலில் சேனல் வண்டிகள் வந்து குவிகின்றன. ஆனால் அந்தச் செய்தியை முதலில் எழுதியவர் ராகேஷ் என்கிற உள்ளூர் நிருபர். நவாசுதீன் சித்திக்கி நடித்திருக்கிறார். டெல்லியிலிருந்து வந்தவர்களுக்கு வழிகாட்டி, ஆள் காட்டி, எல்லாம் அவர்தான். மண் வெட்டி வெட்டியே செத்துப்போன இன்னொரு ஏழையைப் பற்றி ஏன் யாரும் பேசவில்லை என்று அவருக்குத்தான் உறுத்துகிறது. கடைசியில் தீ விபத்தில் செத்துப்போகிறார். கருகிய உடலை அந்த விவசாயி என்றே நினைத்துக்கொள்கிறார்கள். வண்டிகள் கிளம்பிப் போய்விடுகின்றன. ஒரு உள்ளூர் நிருபர் இருந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. கெட்ட வார்த்தைகள் வரும், அதனால் நீங்களும் அவரும் முதலில் பாருங்கள். அவர் எந்த இடத்தில் தலையைக் குனிந்துகொள்கிறார் என்று கவனியுங்கள்.

மைக் நீட்டுகிற கேலியைப் பொய் என்று பையனிடம் சொல்லிவிடாதீர்கள். தேவனாம்பட்டினத்தில் ஒரு தாய் அழுதபோது கேமரா சரியாக நிற்கவில்லை என்று, மறுபடி முதலிலிருந்து சொல்லச் சொன்ன ஒருவரை நான் கண்ணால் பார்த்தேன். நாங்கள் நாலைந்து பேர் பக்கத்தில் நின்றோம், ஒருவரும் தடுக்கவில்லை. அந்தக் கேலியை இந்தத் தொழில் சம்பாதித்துத்தான் வைத்திருக்கிறது. அதே ஊரில், குடிக்கத் தண்ணீர் வாங்கிக் கொடுத்துவிட்டு அரைமணி நேரம் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நிருபர்களும் இருந்தார்கள். அந்த அரைமணி நேரம் எந்தப் படத்திலும் வராது.

எழுதாமல் விடுவதும் வராது. பாதிக்கப்பட்ட சிறுமியின் படத்தைப் பேப்பரில் போடுவதாகச் சர்வசாதாரணமாகக் காட்டிவிட்டுப் போகிறார்கள். பெயர், முகவரி, பள்ளி, குடும்பம், எதை வைத்தும் அந்தக் குழந்தை யார் என்று தெரிந்துவிடக் கூடாது என்கிறது குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கிற 2012-ஆம் வருஷத்துப் போக்சோ சட்டம். சின்ன ஊரில் தெருப் பெயரைப் போட்டாலே போதும், ஊருக்கே தெரிந்துவிடும். எந்த வரியை அடித்துவிட்டு அனுப்பினார் என்று உங்கள் வீட்டுக்காரரைப் பையன் ஒருநாள் கேட்கட்டும். அவரிடம் சொல்ல நிறைய இருக்கும்.

நிஜ நிருபர்களை வைத்து எடுத்தாலும் சிக்கல் தீர்வதில்லை. உத்தரப் பிரதேசத்தில் பெண்களே நடத்துகிற 'கபர் லஹரியா' என்கிற செய்தி நிறுவனத்தைப் பற்றிய ஆவணப்படம் 2022-இல் ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டது. பெருமைப்பட வேண்டிய நேரத்தில், படம் எங்கள் வேலையில் ஒரு பகுதியை மட்டும்தான் பேசுகிறது என்று அந்தப் பெண்களே வெளிப்படையாகச் சொன்னார்கள். அந்தத் துணிச்சல் எனக்கு மிகவும் பிடித்தது.

பாரதியைப் பையன் பாடத்தில் படித்திருப்பான். முண்டாசும் மீசையும் தெரிந்திருக்கும். 1904-இல் 'சுதேசமித்திரன்' அலுவலகத்தில் உதவி ஆசிரியராக உட்கார்ந்து, ஆங்கிலத்தில் வந்த செய்திகளை நாள் முழுக்கத் தமிழில் பெயர்த்துக்கொண்டிருந்தவர் அவர் என்று சொல்லுங்கள். 1908-இல் புதுச்சேரிக்கு வந்து 'இந்தியா' பத்திரிகையை அங்கிருந்து நடத்தினார். பிரெஞ்சு எல்லைக்குள் இருந்தவரை பிரிட்டிஷ் போலீஸால் தொட முடியவில்லை. 1918 நவம்பரில் எல்லை தாண்டியதும் பிடித்து, உங்கள் ஊர்ச் சிறையில்தான் அடைத்தார்கள். நம்ம கடலூரில். அவன் தினம் சைக்கிளில் சுற்றுகிற ஊர்.

இனி அந்தக் கவர் விஷயம். இதற்கு நீங்கள் பதில் சொல்லாதீர்கள், அவர்தான் சொல்ல வேண்டும். தாலுகா நிருபர்கள் பலருக்கு மாதச் சம்பளம் என்று ஒன்று கிடையாது. வந்த செய்திக்கு இவ்வளவு, பிடித்த விளம்பரத்துக்கு இவ்வளவு கமிஷன், அவ்வளவுதான். காலையில் எவரைப் பற்றிச் செய்தி எழுதினாரோ, தீபாவளி மலருக்கு விளம்பரம் கேட்டு அவர் வாசலிலேயே சாயங்காலம் நிற்க வேண்டும். பிரஸ் மீட் முடிந்ததும் கவர் நீட்டப்படுவது உண்மை. வாங்குகிறவர்களும் உண்டு, மேஜையிலேயே வைத்துவிட்டு வருகிறவர்களும் உண்டு. அவர் எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியாது. வாங்கியிருந்தால் வாங்கினேன் என்று மகனிடம் சொல்லட்டும், எந்தக் கஷ்டத்தில் என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும். பதினாறு வயதுப் பிள்ளை உண்மையைத் தாங்குவான். மழுப்பினால்தான் தாங்க மாட்டான்.

அடுத்த விடுமுறையில் ஒரு திங்கட்கிழமை அவனை அவரோடு கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்கு அனுப்புங்கள். மனு எழுதிக்கொடுக்கிறவர் பக்கத்தில் கொஞ்ச நேரம், வரிசையில் கொஞ்ச நேரம் நிற்கட்டும். பட்டா மாறாத பாட்டி, சிப்காட் பக்கத்தில் ஆழ்குழாய்த் தண்ணீர் கெட்டுப்போனதாகச் சொல்கிற குடும்பம், யாராவது ஒருவர் கதையை அப்பா எடுப்பார். அதற்காக அவர் எத்தனை பேரைப் பார்க்கிறார், எத்தனை போன் போடுகிறார் என்று எண்ணிக்கொண்டே வரட்டும். மறுநாள் பேப்பரில் எத்தனை வரி வந்தது என்றும் பார்க்கட்டும். வராமலும் போகலாம். அதையும் பார்க்கட்டும்.

உங்களிடம் ஒன்று, கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்தப் படிவத்தில் 'வியாபாரம்' என்று எழுதிய கை பையனுடையது. ஆனால் சினிமா பார்ப்பதற்கு முன்பே "இதெல்லாம் ஒரு வேலையா" என்ற கேள்வியை அவன் வீட்டில் கேட்டு வளர்ந்திருக்கிறான். உங்கள் கோபத்தைத் தப்பென்று நான் சொல்லவில்லை. 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் கூரையில்லாத வீட்டில் குழந்தையோடு நின்றது நீங்கள். அவர் போயிருக்கக் கூடாது என்றுகூட நான் நினைக்கிறேன், ஓர் ஆளைத் துணைக்கு வைத்துவிட்டாவது போயிருக்கலாம். அதை அவரிடம் ஒரு தடவை முழுசாகச் சொல்லிவிடுங்கள், பையன் இல்லாதபோது. சொன்ன பிறகு, அன்று எங்கே போனாய், யாரைப் பார்த்தாய் என்று கேளுங்கள். இத்தனை வருஷத்தில் அதைக் கேட்டிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். மின்கம்பம் எல்லாம் சாய்ந்து, பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு கிடந்த அந்த வாரத்தில் இந்த மாவட்டத்துக்கு நிவாரணம் கேட்டு எழுதிய கைகளில் ஒன்று அவருடையது.

நிருபர்கள் பழைய நோட்டுகளைத் தூக்கிப் போடுவதில்லை. உங்கள் வீட்டுப் பரணில் ஒரு பையில் கட்டி வைத்திருப்பார். 2011 டிசம்பர் நோட்டைத் தேடி எடுத்து, பையன் படிக்கிற மேஜை மேல் வைத்துவிடுங்கள்.