நொண்டல் நின்றுவிட்டது, நாண் ஆறிவிட்டதா? குதிரை, கழுதைக் கால்கள் பற்றிய கேள்வி பதில்

அந்தியூர் சந்தையில் வாங்கிய குதிரை சார். நன்றாக ஓட்டிய மறுநாள் முன்னங்காலின் பின்பக்கம் புடைத்துச் சுடுகிறது. நரம்பு இழுத்துவிட்டது என்கிறார்கள்.

ஊரில் நரம்பு என்றுதான் சொல்கிறோம். அது தசைநாண், தசையை எலும்போடு கட்டும் கயிறு. குதிரைக்கு முன்னங்கால் முட்டிக்குக் கீழே தசை இல்லை என்றே சொல்லலாம், பாரமெல்லாம் இந்தக் கயிறுகள் மேல்தான். காலைத் தூக்கி மடக்கிப் பிடியுங்கள், நாண் தளரும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து மேலிருந்து கீழே மெல்ல அழுத்திக்கொண்டே வாருங்கள். எங்கே காலை வெடுக்கென்று இழுக்கிறது, எங்கே தடித்திருக்கிறது என்று மற்றக் காலோடு ஒப்பிடுங்கள். ஓட்டத்தை இன்றே நிறுத்திவிட்டு, முதல் 2, 3 நாள் தினம் மூன்று நான்கு முறை, 20 நிமிடம் குளிர்ந்த நீர் விடுங்கள். ஸ்கேனை ஒரு வாரம் கழித்து எடுப்பது நல்லது. முதல் நாட்களில் சேதம் இன்னும் பரவும், உடனே எடுத்தால் குறைவாகத் தெரியும்.

மூன்று வாரத்தில் நொண்டல் போய்விட்டது. வண்டியில் பூட்டலாமா?

கூடாது. என்னிடம் திரும்பி வரும் கால்களில் பாதி இந்த அவசரத்தால் வந்தவைதான். வலி வாரங்களில் போகும்; நாண் தேற 9 மாதம் முதல் ஒரு வருடம் ஆகும். அப்போதும் அங்கே இருப்பது பழைய இழை இல்லை, தழும்பு. முதலில் லாயத்தில் ஓய்வு. அப்புறம் கையில் பிடித்து 5, 10 நிமிட நடை, வாரா வாரம் கொஞ்சம் கூட்டலாம். துள்ளோட்டம் எப்போது என்பதை ஸ்கேன் பார்த்து முடிவு செய்யுங்கள்.

பழுக்கக் காய்ச்சிச் சூடு வைத்தால் நாண் இறுகுமாமே?

இறுகாது. புண்தான் மிஞ்சும்.

எங்கள் கழுதை நொண்டவில்லை, ஆனால் இரண்டு நாளாகச் சரியாகத் தின்னவில்லை. கால் லேசாக வீங்கியிருக்கிறது.

இதுதான் எனக்குப் பயமான கேள்வி. கழுதை வலியை வெளியே காட்டாது. காட்டும்போது விஷயம் முற்றியிருக்கும். தீனி குறைந்தால் ரத்தத்தில் கொழுப்பு ஏறி உயிருக்கே ஆபத்தாகலாம், அதனால் இன்றே டாக்டரிடம் காட்டுங்கள். தனியாகக் கட்டாதீர்கள், கூடவே திரியும் துணைக் கழுதையையும் பக்கத்தில் கட்டுங்கள், இல்லையென்றால் ஏங்கியே தீனியை விட்டுவிடும். குளம்பு முனை நீண்டு வளர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அப்படி வளர்ந்தால் காலின் பின்னால் குளம்புவரை ஓடும் ஆழ்நாண் எந்நேரமும் இழுபட்டே இருக்கும்.

குதிரைக்குக் கொடுத்த வலி மருந்து மிச்சம் இருக்கிறது, கழுதைக்குக் கொடுக்கலாமா?

கழுதை சின்னக் குதிரை இல்லை. ஃபினைல்பியூட்டசோன், மெலாக்சிகாம் இரண்டும் அதன் உடம்பில் சீக்கிரமே கரைந்து போகும். குதிரைக்கான இடைவெளி அதற்குச் சரிவராது, அளவை டாக்டர் சொல்லட்டும். டைக்ளோஃபினாக் வேண்டவே வேண்டாம். பிணந்தின்னிக் கழுகுகளைக் காக்க 2006-இலேயே கால்நடைகளுக்குத் தடை செய்த மருந்து அது.

காலில் தகரம் கிழித்துவிட்டது. காயம் சின்னதுதான், ஆனால் ஊன்றும்போது குளம்பு முனை மேலே தூக்குகிறது.

ஆழ்நாண் அறுந்திருக்கிறது. ஓர் அடிகூட நடத்தாதீர்கள். சுத்தத் துணியால் மூடி, தடிமனாகப் பஞ்சு சுற்றிக் கட்டுப்போட்டு, டாக்டரை அங்கேயே வரச் சொல்லுங்கள்.