பறங்கியர் வயலினும் அண்ணாவியார் மத்தளமும்: மட்டக்களப்பு இசை பற்றிய கேள்வி பதில்

கலியாண வீடு, கோயில் திருவிழா என்று மட்டக்களப்பில் வயலின் வாசித்து வருகிறவன் நான். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் வழிவந்த பறங்கியர் வீட்டுக் கொண்டாட்டங்களுக்கும் கூப்பிடுவார்கள். கூத்துக் களரி என்றால் கூப்பிடாமலே போய்விடுவேன். எங்கள் ஊர் இசையைப் பற்றிப் பலரும் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

"அண்ணன், கொழும்பில இரிக்கிற என்ட கூட்டாளி, உங்கட ஊர்ல ஜாஸ் இரிக்கா எண்டு கேக்கான். என்ன சொல்ல?" (மாணவன், செங்கலடி)

இல்லை என்று சொல்லுங்கள் தம்பி. ஜாஸ் கொழும்புக்குத்தான் வந்தது. 1958இல் டேவ் புரூபெக்கும் 1963இல் டியூக் எலிங்டனும் அமெரிக்க அரசு அனுப்பிய இசைப் பயணங்களில் இலங்கைக்கு வந்து போனார்கள். அந்தக் காற்று மட்டக்களப்பு வரை வீசவில்லை.

ஆனால் பேச்சை அத்தோடு விட்டுவிடாதீர்கள். நியூ ஓர்லியன்ஸில் கொங்கோ சதுக்கம் என்று ஓர் இடம். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்க மக்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே கூடி மேளம் அடித்து ஆடினார்கள். அந்தத் தாளம் ஐரோப்பிய வாத்தியங்களோடு கலந்து, தலைமுறைகள் கடந்து ஜாஸ் ஆனது. அதே மாதிரி ஒரு கலப்பு இலங்கையிலும் நடந்தது. போர்த்துக்கேயரோடு ஆபிரிக்கரும் இங்கே வந்தார்கள். அவர்களின் தாளமும் ஐரோப்பிய வயலினும் சேர்ந்து பிறந்ததுதான் கப்ரிஞ்ஞா. அது இன்னும் மட்டக்களப்புப் பறங்கியரிடம் இருக்கிறது என்று கூட்டாளியிடம் சொல்லுங்கள்.

"நான் கல்லடியில பிறந்து வளந்தவள். பறங்கியாக்கள் ஆடுறதைச் சின்னதில பார்த்திரிக்கன். அது பைலாதானே?" (வங்கி ஊழியர்)

அது கப்ரிஞ்ஞா, பைலாவுக்கு முந்தியது, தங்கச்சி. நீங்கள் சொல்லும் பைலா என்ற துள்ளல் பாட்டை 1940களில் தொடங்கி சிங்களத்தில் பரவச் செய்தவர் வொலி பஸ்தியன் என்ற பொலிஸ்காரர். அவர் எடுத்தது இந்தப் பறங்கியர் இசையிலிருந்தும், ஆபிரிக்கர் வழிவந்த காப்பிரியர் இசையிலிருந்தும்தான். மறுகா ஏ. ஈ. மனோகரன், நித்தி கனகரத்தினம் போன்றவர்கள் தமிழில் பொப் பாடியபோது அந்தத் துள்ளல் நமக்கும் வந்து சேர்ந்தது.

போர்த்துக்கேயர் இங்கே கோட்டை கட்டியது 1628இல். பத்தே வருடத்தில், 1638இல், அது ஒல்லாந்தர் கைக்குப் போனது. ஆனால் மொழியும் பாட்டும் போகவில்லை. தச்சு வேலை, இரும்பு வேலை, தையல் என்று கைத்தொழிலோடு வாழ்ந்த குடும்பங்கள் வீட்டுக்குள் அந்தப் போர்த்துக்கேய மொழியைப் பேசிக்கொண்டே வந்தன. கலியாணம் என்றால் வயலின் முன்னுக்கு நிற்கும். சோடி சோடியாக எதிரெதிரே நின்று ஆடுவார்கள். நாலு வரிப் பாட்டு ஒன்றை ஒருவர் எடுத்துவிட, இன்னொருவர் அதற்கு மறுபாட்டுப் பாடுவார். அமெரிக்கப் பேராசிரியர் கென்னத் டேவிட் ஜாக்சன் இந்தப் பாட்டுகளைத் தேடிச் சேர்த்து ஆராய்ந்திருக்கிறார். பிறகு லிஸ்பன் பல்கலைக்கழகத்து ஹியூகோ கார்டோசோவின் குழுவும் வந்து பதிவு செய்தது. எங்களுக்குப் பக்கத்து வளவில் இருந்த இசையை எங்கிருந்தோ வந்தவர்கள் தேடிப் பதிந்தார்கள் என்பது எனக்கு ஆறாத கவலை.

"சேர், நான் கர்நாடக சங்கீதம் படிக்கிறன். கப்ரிஞ்ஞாக் கணக்கு மட்டும் பிடிபடுதில்ல." (வயலின் மாணவி, களுவாஞ்சிகுடி)

நல்ல கேள்வி மகள். ஆறு எண்ணிக்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைத் 'தகிட தகிட' என்று மும்மூன்றாகவும் பிரிக்கலாம், 'தக தக தக' என்று இவ்விரண்டாகவும் பிரிக்கலாம். கப்ரிஞ்ஞாவில் இந்த இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று ஓடும். மேளம் ஒரு பக்கம் இழுக்க, வயலின் மறுபக்கம் இழுக்கும். அந்த இழுபறிதான் காலைச் சும்மா இருக்க விடுவதில்லை.

வீட்டில் இப்படிச் செய்து பாருங்கள். ஒன்றிலிருந்து ஆறு வரை மெதுவாக எண்ணுங்கள். ஒன்றில் கையும் காலும் சேர்ந்து, மூன்றில் கை, நாலில் கால், ஐந்தில் கை. முதல் எண்ணில் மட்டும்தான் இரண்டும் சந்திக்கும். கை தானாக விழத் தொடங்கினால்தான் வயலினை எடுக்க வேண்டும். வில்லை நீளமாக இழுக்காதீர்கள், நடுவில்லில் குறுக்கிக் கொத்துங்கள். ஸ்வரத்தை அசைக்கும் கமகத்தையும் கொஞ்சம் கட்டிப்போடுங்கள். ஸ்வரம் நேராக விழுந்தால்தான் ஆடுகிறவர் கால் வைக்க முடியும். சங்கீதம் படித்த பிள்ளைகள் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான்.

"கூத்து மத்தளத்தை ஜாஸோட ஒப்பிடலாமா?" (ஆசிரியர், வவுணதீவு)

இசையாக ஒப்பிட்டால் இரண்டும் வேறு வேறு. வாசிக்கிறவனின் மனநிலையை மட்டும் ஒப்பிடலாம், சேர். கூத்து ஆடும் வட்டக்களரியில், கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியார் மத்தளத்தோடு நிற்பதைப் பாருங்கள். கூத்து முழுக்க அவருக்கு மனப்பாடம். என்றாலும் கண் ஆட்டக்காரன் காலில்தான் இருக்கும். பாத்திரம் களரிக்கு வரும் வரவு ஆட்டத்தில் பிள்ளை கொஞ்சம் களைத்துவிட்டால் தாளத்தை அடக்கிக் கொடுப்பார். உருவேறி நின்றால் இன்னும் ஒரு சுற்று விட்டுப் பார்ப்பார். எழுதி வைத்த எந்தக் கொப்பியிலும் அது இல்லை. நல்ல ஜாஸ் மேளக்காரரும் இதைத்தான் செய்கிறார்.

பேராசிரியர் வித்தியானந்தன் 1960களில் கூத்தைப் பேராதனைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டு போனார். அந்த வழியில் வளர்ந்த மௌனகுரு சேர், மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களை ஆய்வு செய்தார். சீலாமுனையில் ஜெயசங்கர் சேர் ஊராரோடு உட்கார்ந்து கூத்து மீளுருவாக்கம் செய்தார். இந்த மூன்று வேலையும் நடந்தபடியால்தான் இன்றைக்குக் கூத்தைப் பற்றி இவ்வளவு தலை நிமிர்ந்து பேச முடிகிறது. பறங்கியர் இசைக்கு இதில் ஒன்றுகூட எங்கள் ஆட்களால் நடக்கவில்லை.

"மைக்கல் கல்லூரிப் பழைய மாணவன் நான். எங்கட அமெரிக்கன் பாதர்மார் நியூ ஓர்லியன்ஸ் ஆக்கள்தானே. ஜாஸ் சொல்லித் தரல்லையா?"

நியூ ஓர்லியன்ஸ் மாகாண இயேசு சபைத் துறவிகள்தான் அவர்கள், ஐயா. ஆனால் அவர்கள் ஊரில் விதைத்துப் போனது கூடைப்பந்து. அவர்களில் ஒருவரான பாதர் வெபரின் பெயர் ஊர் மைதானத்தில் நிற்கிறது. ஜாஸ் ஒரு மரபாக வேர்விடவில்லை. இசைக்கு அவர்கள் செய்த பெரிய உதவி என்று நான் நினைப்பது பாதர் லாங் செய்த வேலையை. கல்லடிப் பாலத்தடியில் வாவிக்குள் கேட்கும் பாடும் மீன் சத்தத்தைப் பதிவு செய்தாரே, அது வானொலியிலும் போனது. மீன் பாடுவதைப் பதிந்த ஊரில் மனிதர் பாடுவதையும் பதிய வேண்டாமா?

"அம்பாறைப் பக்கத்தை மறந்திட்டீங்களோ காக்கா?" (கல்முனை)

மறக்க முடியுமா தம்பி! கல்முனைக்குடி கடற்கரைப் பள்ளிக் கொடியேற்றத்துக்குப் போய், பக்கீர்மார் றபான் என்ற தோல் மேளத்தோடு பைத் என்ற இஸ்லாமியப் பாட்டுப் பாடுவதைப் பக்கத்தில் இருந்து கேளுங்கள். குரலும் தோலும் மட்டும்தான், வேறு எதுவும் வேண்டியிருக்காது. யாழ் நூலை எழுதிய சுவாமி விபுலாநந்தர் பிறந்த காரைதீவும் உங்கள் பக்கம்தானே.

"லீவுக்கு வாறம். இப்ப எங்க போனா நேர்ல கேக்கலாம்?" (கனடாவில் இருக்கும் ஆரையம்பதிப் பெண்)

மண்டபத்தைத் தேடாதீர்கள் அக்கா. வைகாசியில் வந்தால் கண்ணகி அம்மன் கோயில்களில் குளிர்த்திப் பாடல், உடுக்கு. கூத்துக்கு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரை ஊர்களில் விசாரியுங்கள். கல்லடியில் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் மாணவர் அரங்கேற்றங்கள் நடக்கும். பாசிக்குடா ஹோட்டல்களில் கிற்றார்க்காரர் பாடுகிறார்கள், பெரும்பாலும் வெளிநாட்டுப் பாட்டுத்தான். திருவிழா மேடைகளில் கீபோர்ட் வைத்த இசைக்குழுக்கள் சினிமாப் பாட்டு வாசிக்கும். அதுவும் உழைக்கிற கலைஞர்களின் சோறு, குறை சொல்ல மாட்டேன். கப்ரிஞ்ஞா கேட்க வேண்டும் என்றால் பறங்கியர் கலியாணம் ஒன்றுக்கு யாராவது உங்களைக் கூட்டிப் போக வேண்டும்.

"அது அழிஞ்சிரும் எண்டு நினைக்கிறீங்களா?" (செய்தியாளர்)

கையைக் கட்டிக்கொண்டு பார்த்தால் அழியும். 2004 சுனாமியில் டச்பார் பறங்கியர் குடியிருப்பு சிதைந்தது. உயிர் போனவர்கள் போக, தப்பியவர்களும் இடம் மாறினார்கள். வெளிநாடு போன குடும்பங்களும் உண்டு. பிள்ளைகள் தமிழ்தான் பேசுகிறார்கள். வயலின் பிடிக்கிற கைகளுக்கு வயதாகிவிட்டது.

நியூ ஓர்லியன்ஸிலும் முதிய கலைஞர்கள் வாசிக்க இடமில்லாமல் போன காலம் ஒன்று இருந்தது. 1961இல் பிரிசர்வேஷன் ஹோல் என்று ஒரு சின்ன இடத்தைத் திறந்தார்கள். பெஞ்சுகள், எதிரே கலைஞர்கள், அவ்வளவுதான். இன்றும் நடக்கிறது. எங்களுக்கும் விழா மேடையும் பொன்னாடையும் வேண்டாம். கிழமைக்கு ஒரு நாள் பின்னேரம், கூலி கொடுத்து, பெரியவர் ஒருவரை வாசிக்கச் சொல்ல ஓர் அறை வேண்டும். பக்கத்தில் நாலு பிள்ளைகள் வயலினோடு இருக்க வேண்டும். ஊரில் மண்டபங்களுக்குக் குறைவில்லை, கூலி கொடுக்கிற மனம்தான் வர வேண்டும்.

"போன்ல பதிஞ்சா காணுமா?" (இளைஞர், கரடியனாறு)

காணும். போனை மேளத்துக்கு முன்னால் வைக்காதீர்கள், வயலின் அமுங்கிப் போகும். வாசிப்பவரின் இடது கை தெரிகிற மாதிரிக் கரையில் நின்று எடுங்கள். முதலில் அவரிடம் அனுமதி கேளுங்கள். பாட்டு முடிந்ததும் நிறுத்தாமல், யாரிடம் பழகினார், எந்த வீட்டுக் கலியாணத்தில் முதலில் வாசித்தார் என்று கேட்டு அந்தப் பேச்சையும் பதியுங்கள். ஒரு பிரதியை அந்தக் குடும்பத்திடமே கொடுத்துவிட்டு வாருங்கள்.