உரிமையைச் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் கடமையை மறந்துவிடுவார்களா?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: நடுநிலை வகுப்புக்கு 'உரிமைகளும் கடமைகளும்' பாடம் எடுக்க வேண்டும், எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை, உரிமையைப் பற்றி அதிகம் பேசினால் நாளைக்கு உங்களையே எதிர்த்துப் பேசுவார்கள் என்று உடன் வேலை செய்கிறவர்கள் சொல்கிறார்கள், அதனால் கடமையை முதலில் முடித்துவிட்டு உரிமைக்குப் போகலாமா? அநேகமாக நீங்கள் வேலைக்குச் சேர்ந்து ஓரிரு வருடம்தான் ஆகியிருக்கும். உங்கள் பாடப்புத்தகத்திலும் அந்த அட்டவணை இருக்கும், இடப்பக்கம் உரிமை, வலப்பக்கம் கடமை, நடுவில் ஒரு கோடு. தயவுசெய்து அந்த அட்டவணையிலிருந்து மட்டும் தொடங்காதீர்கள். நான் அங்கிருந்துதான் தொடங்கினேன், அதில் என்ன நடந்தது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அப்போது நான் வேலைக்கு வந்து 11 வருடம். ஏழாம் வகுப்பு, 43 பிள்ளைகள், நான்தான் வகுப்பாசிரியை. பெரிய அட்டையில் பார்த்துப் பார்த்து எழுதிக்கொண்டு போனேன். படிக்கும் உரிமை, அதற்கு எதிரே நேரத்துக்குப் பள்ளிக்கு வரும் கடமை. விளையாடும் உரிமை, எதிரே வீட்டுப்பாடத்தை முடிக்கும் கடமை. கருத்துச் சொல்லும் உரிமை, எதிரே பெரியவர்கள் பேசும்போது குறுக்கிடாமல் இருக்கும் கடமை. ஒவ்வொன்றுக்கும் ஜோடி சரியாக அமைந்ததில் எனக்கு அவ்வளவு திருப்தி. 'கடமையைச் செய்தவனுக்கே உரிமை' என்று அடியில் சிவப்பு மையில் வேறு எழுதியிருந்தேன். படித்துக்காட்டி முடித்ததும் கடைசி வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்தான், அதிகம் பேசாத பையன். "டீச்சர், அப்போ லேட்டா வந்தா படிக்கிற உரிமை போயிடுமா?" என்று கேட்டான்.

வகுப்பே சிரித்தது. அவன் கிண்டலுக்குக் கேட்கவில்லை என்று முகத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்தது. மூன்று வாரமாக அவன் தாமதமாக வந்துகொண்டிருந்தான். தாமதமாக வருகிறவர்கள் முதல் பாடவேளை முழுவதும் வராந்தாவில் நிற்க வேண்டும், அந்த விதியைப் போட்டதே நான்தான். முதல் பாடவேளை கணக்கு. ஆக மூன்று வாரக் கணக்கு அவனுக்குப் போயிருந்தது, அந்த மாதத் தேர்வில் கணக்கில் தோற்றதற்காக அவனைத் திட்டியதும் நானே. ஏன் லேட் என்று ஒரு நாள்கூட உட்காரவைத்துக் கேட்டதில்லை. அவன் கேள்விக்கு நேர்மையான பதில் 'ஆமாம், போய்விட்டது, நான்தான் பறித்தேன்' என்பதுதான். சொல்ல வாய் வரவில்லை. "அது வேற, இது வேற, உட்காரு" என்றேன். அந்தப் பதில் இன்றைக்கும் என்னை உறுத்துகிறது.

அன்று இரவுதான் ஐ.நா.வின் குழந்தை உரிமைகள் உடன்படிக்கையை முதல் முறையாக முழுவதும் படித்தேன். 1989 நவம்பர் 20-ல் நிறைவேறியது, மொத்தம் 54 பிரிவுகள் என்பதெல்லாம் மனப்பாடமாகத் தெரியும், பிள்ளைகளுக்குத் தேர்வில் கேட்டும் இருக்கிறேன். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்றுதான் பார்த்ததில்லை. குழந்தைகளின் கடமைகள் என்று ஒரு பட்டியலைத் தேடினேன், அப்படி ஒன்று அதில் கிடையாது. செய்ய வேண்டியவை எல்லாம் பெரும்பாலும் அரசுக்கும், அடுத்துப் பெற்றோருக்கும்தான் சொல்லப்பட்டிருக்கின்றன. 28-ம் பிரிவில் பிள்ளைகள் ஒழுங்காகப் பள்ளிக்கு வர ஊக்கம் தர வேண்டும், பாதியில் நின்றுவிடுவதைக் குறைக்க வேண்டும் என்று இருக்கிறது, அதுவும் அரசு எடுக்க வேண்டிய நடவடிக்கையாக. நான் வலப்பக்கத்தில் பையனின் கணக்கில் எழுதிவைத்த அதே விஷயம் அங்கே பெரியவர்களின் கணக்கில் இருந்தது. அதே பிரிவில்தான் பள்ளியில் ஒழுங்கைக் காக்கும் முறை குழந்தையின் மாண்புக்கு ஒத்ததாக இருக்க வேண்டும் என்றும் வருகிறது. அதைப் படித்தபோது வராந்தாவில் பையை மாட்டிக்கொண்டு நிற்கும் அவன்தான் கண்ணுக்குள் வந்தான்.

பிள்ளைகளின் பொறுப்பைப் பற்றிப் பேச்சே இல்லை என்று சொல்ல வரவில்லை. கல்வியின் நோக்கம் என்ன என்று சொல்லும் 29-ம் பிரிவில், சுதந்திரமான சமூகத்தில் பொறுப்போடு வாழக் குழந்தையைத் தயார் செய்வதும் ஒரு நோக்கமாக இருக்கிறது. இதை இரண்டு மூன்று முறை படித்தபிறகுதான் எனக்குப் புரிந்தது. பொறுப்பைக் கற்றுக்கொடுப்பது நாம் பிள்ளைக்குப் பட்டிருக்கும் கடன். உரிமைக்கு விலையாக அதைப் பிள்ளையிடமிருந்து வசூலிக்க முடியாது.

இதற்கு ஒருவர் வந்து ஆப்பிரிக்கக் குழந்தைகள் சாசனத்தை எடுத்துப்போடுவார் என்று தெரியும். சரி, 1990-ல் ஆப்பிரிக்க நாடுகள் சேர்ந்து ஏற்ற அந்தச் சாசனத்தின் 31-ம் பிரிவில் குடும்பத்துக்கும் சமூகத்துக்கும் குழந்தை செய்ய வேண்டியவை உண்மையாகவே வரிசையாக இருக்கின்றன. வயதுக்கும் திறனுக்கும் ஏற்ப என்றும் அங்கேயே இருக்கிறது. 1948-ன் மனித உரிமைப் பிரகடனத்தின் 29-ம் பிரிவும் சமூகத்துக்கான கடமையைப் பேசுகிறது. நான் கடமைக்கு எதிரி இல்லை. கடமையைச் செய்யாவிட்டால் படிப்பைப் பிடுங்கிக்கொள்ளலாம் என்று இவற்றில் எதுவும் சொல்லவில்லை, என் அட்டை சொன்னது, அதுதான் என் பிரச்சினை.

மறுநாள் அவனைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். படுக்கையில் இருக்கும் தாத்தாவைத் தனியே விட்டு வர முடியாது, அப்பா இரவு வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபிறகுதான் அவன் கிளம்ப முடியும். இரண்டே வாக்கியத்தில் சொல்லி முடித்துவிட்டான். இதைக் கேட்க எனக்கு மூன்று வாரம் ஆகியிருக்கிறது. நான் மன்னிப்புக் கேட்டேன். மாணவனிடம் மன்னிப்புக் கேட்டால் மரியாதை போய்விடும் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள், என் அனுபவத்தில் போகவில்லை.

அப்புறம் வகுப்பில் அந்த அட்டையை நடுக்கோட்டோடு கத்தரித்தேன். உரிமைப் பாதியைச் சுவரில் ஒட்டிவிட்டு, கடமைப் பாதியைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகக் கேட்டேன்: இதைச் செய்யாவிட்டால் யாருக்கு என்ன நஷ்டம்? தாமதத்தில் வந்து நின்றோம். முன் வரிசைப் பெண் ஒருத்தி சட்டென்று எழுந்து, "அவன் பாதியில உள்ள வந்தா நீங்க பாடத்த நிறுத்திருவீங்க, எங்களுக்கு எல்லாம் மறந்துபோயிடும், எங்க படிக்கிற உரிமை என்ன ஆகுறது?" என்றாள். எனக்கு இந்தக் கோணம் தோன்றவே இல்லை. அவன் முகம் சுருங்கியது, ஆனால் அவள் கேட்டதும் நியாயம்தானே. அந்தப் பாடவேளை முழுக்க அதிலேயே போயிற்று. யார் யாரோ பேசினார்கள், சண்டையும் வந்தது. கடைசியில் அவர்களே ஒரு முடிவுக்கு வந்தார்கள். தாமதமாக வருகிறவர் பின்கதவு வழியாக வர வேண்டும், வணக்கம் சொல்லவோ அனுமதி கேட்கவோ வேண்டாம், பக்கத்தில் இருப்பவர் எந்தப் பக்கம், எந்தக் கணக்கு என்று விரலால் காட்ட வேண்டும், தவறிய பகுதிக்கு ஒருவர் நோட்டு தர வேண்டும், மேசையில் ஒரு பெட்டி இருக்கும், விருப்பம் இருந்தால் காரணத்தை எழுதிப் போடலாம். எனக்கும் ஒரு கடமை விழுந்தது: யார் உள்ளே வந்தாலும் நான் பாடத்தை நிறுத்தக் கூடாது.

கவனித்தீர்களா, இதில் எல்லோருக்கும் கடமை இருக்கிறது, நான் எழுதிய அட்டையில் இருந்ததைவிட அதிகமாகவே. ஆனால் ஒவ்வொன்றும் இன்னொருவரின் உரிமையிலிருந்து வந்தது. 'பெரியவர்கள் சொன்னார்கள்' என்பதற்காக வந்த கடமை ஒன்றும் இல்லை, அதனால் அதை ஞாபகப்படுத்த எனக்கு வேலை குறைந்தது.

எல்லாம் உடனே சரியாகிவிட்டது என்று கதை விடமாட்டேன். முதல் இரண்டு வாரம் நான்கைந்து பேர் வேண்டுமென்றே தாமதமாக வந்து பார்த்தார்கள். எனக்கும் பயம்தான், பழையபடி வராந்தாவுக்கு அனுப்பிவிடலாம் என்றுகூட ஒரு நாள் நினைத்தேன். நோட்டு கொடுத்துக்கொண்டிருந்தவர்கள்தான் கடைசியில் சலித்துப்போய், "உனக்கு வீட்ல ஒண்ணும் இல்லல்ல, அப்புறம் ஏன் லேட்டு" என்று கேட்டு நிறுத்தினார்கள். அந்தப் பையன் வருடக் கடைசிவரை வாரத்தில் இரண்டு நாள் லேட்தான். கணக்கில் தேறினான்.

ஒன்றை எச்சரித்துவிடுகிறேன். முடிவைப் பிள்ளைகளிடம் விட்டால் ரொம்ப இளகிப்போவார்கள் என்று நினைப்போம், நடப்பது தலைகீழ். ஒருவனுடைய ஜியாமெட்ரி பாக்ஸை இன்னொருவன் கோபத்தில் மிதித்து உடைத்தபோது, 'நான் உடைத்தேன்' என்று எழுதிக் கழுத்தில் மாட்டி, எல்லா வகுப்புக்கும் முன்னால் அவனை நிற்கவைக்கலாம் என்று என் வகுப்பு ஏறக்குறைய ஒருமனதாகச் சொன்னது. நாம் இத்தனை வருடம் காட்டியதைத்தான் அவர்கள் திருப்பித் தருகிறார்கள். அன்றைக்கு அவர்களுக்கு யானுஷ் கோர்ச்சாக்கைப் பற்றிச் சொன்னேன். போலந்து மருத்துவர், வார்சாவில் 1912-லிருந்து யூதக் குழந்தைகளின் ஆதரவற்றோர் இல்லம் ஒன்றை நடத்தியவர். அங்கே பிள்ளைகளுக்கென்று ஒரு நீதிமன்றம் இருந்தது, நீதிபதிகளும் பிள்ளைகள்தான், அதன் சட்டத்தில் பெரும்பாலான பிரிவுகள் மன்னிப்பதற்கே எழுதப்பட்டவை, கோர்ச்சாக்கையே பிள்ளைகள் அங்கே நிறுத்தி விசாரித்திருக்கிறார்கள். 1942 ஆகஸ்டில் நாஜிகள் அந்தப் பிள்ளைகளைத் திரெப்லிங்கா மரண முகாமுக்குக் கொண்டுபோனபோது, தப்பிக்க வழி இருந்தும் அவர்களை விட்டு விலகாமல் கூடவே போனார். இதைச் சொல்லி முடித்தபோது வகுப்பில் சத்தமே இல்லை. கழுத்து அட்டை வேண்டாம் என்று ஆயிற்று. உடைத்தவன் தன் பாக்ஸை அந்த மாதம் முழுக்கப் பங்கு போட்டுக்கொண்டான்.

இதைப் படித்துவிட்டு 'உனக்கு 43 பேர், எனக்கு 60 பேர், வந்து நடத்திப் பார்' என்று சிலர் சொல்வார்கள். ஒத்துக்கொள்கிறேன், 60 பேரை வைத்து இப்படி விவாதம் நடத்துவது கஷ்டம், குழுவாகப் பிரிக்காமல் முடியாது. 'பிள்ளைகள் சொல்வதையெல்லாம் கேட்டு ஆடச் சொல்கிறாயா' என்றும் வரும். இல்லை. ஐ.நா. உடன்படிக்கையின் 12-ம் பிரிவு கேட்பது, பிள்ளையைப் பாதிக்கும் விஷயத்தில் அதன் கருத்தைச் சொல்லவிட வேண்டும், வயதுக்கும் முதிர்ச்சிக்கும் தக்க மதிப்பு அதற்குத் தர வேண்டும் என்பதுதான். முடிவு என் கையில் இருக்கலாம். ஏன் அப்படி முடிவெடுத்தேன் என்று அவர்களிடம் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். எதிர்த்துப் பேசுவார்களா என்றால் கட்டாயம் பேசுவார்கள். என்னிடம் எதிர்த்துப் பேசத் தெரிந்த பிள்ளைக்குத்தான் நாளைக்குத் தன்னைத் தொடக்கூடாத இடத்தில் தொடுகிற பெரியவரிடம் 'கூடாது' என்று சொல்லத் தைரியம் வரும். எதற்கும் தலையாட்டப் பழக்கிவிட்டு அந்த ஒரு நேரத்தில் மட்டும் கத்தச் சொன்னால் எப்படிக் கத்துவார்கள்?

இதையும் சொல்லிவிடுகிறேன், உங்கள் கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான். பெற்றோர் வாட்ஸ்அப் குழு என்று ஒன்றை எல்லா வகுப்புக்கும் கட்டாயமாக்கியபிறகு எங்களுக்கு இரவு என்று ஒன்று இல்லை. 11 மணிக்கு 'நாளைக்கு என்ன ஹோம்வொர்க்' என்று செய்தி வருகிறது, பத்து நிமிடத்தில் பதில் போடாவிட்டால் 'டீச்சர் பார்த்தும் பதில் சொல்லவில்லை' என்று மேலிடத்துக்குப் போகிறது. பிள்ளைகளின் ஓய்வுக்கும் விளையாட்டுக்கும் ஐ.நா. உடன்படிக்கையில் 31-ம் பிரிவு இருக்கிறது என்று பகலில் பாடம் எடுத்துவிட்டு இரவில் அந்தச் சிவப்புப் புள்ளியைப் பார்த்துக்கொண்டு படுக்கிறேன். என் கருத்தை யாரும் கேட்டதில்லை. வேலை நேரம் முடிந்தபிறகு பதில் சொல்லாமலிருக்கும் உரிமை சில நாடுகளில் சட்டமாகவே இருக்கிறது, பிரான்ஸில் 2017-லிருந்து. கேட்கப்படாத ஆசிரியர்கள் பிள்ளைகளைக் கேட்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது சுலபமில்லை, இதையும் யாராவது சொல்லத்தானே வேண்டும்.

சரி, உங்கள் பாடத்துக்கு வருகிறேன். பாடப்புத்தகத்தை முதல் நாள் திறக்காதீர்கள். உங்கள் பள்ளி விதிகள் எழுதிய தாளைப் பிரதி எடுத்துக் குழுவுக்கு ஒன்றாகக் கொடுங்கள். ஒவ்வொரு விதிக்கும் பக்கத்தில், இது யாருடைய எந்த உரிமையைக் காக்கிறது என்று எழுதச் சொல்லுங்கள். பெரும்பாலான விதிகளுக்கு நல்ல பதிலே வரும், 'ஓடாதே' என்பதற்குச் சின்னப் பிள்ளைகள் விழாமல் இருக்க என்று எழுதுவார்கள், விதியின் மேல் மதிப்பும் கூடும். ஒன்றிரண்டுக்கு எதுவும் எழுத முடியாமல் காலியாக விடுவார்கள். தாளை வாங்கியதும் அந்தக் காலி இடங்களை முதலில் பாருங்கள், அவற்றை அப்படியே விட்டுவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடாதீர்கள். எங்கள் வகுப்பில் எல்லாக் குழுவும் காலியாக விட்டது ஒரே விதியைத்தான்: பாடவேளையில் கழிப்பறைக்குப் போக அனுமதி இல்லை. பிள்ளைகள் கடிதம் எழுதினார்கள், நான் கொண்டுபோய்த் தலைமை ஆசிரியரிடம் கொடுத்தேன். முதலில் மறுத்தார். இரண்டாவது கடிதத்தில் ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் போவோம், அனுமதி அட்டை ஒன்றை எடுத்துக்கொண்டு போவோம், ஐந்து நிமிடத்தில் திரும்புவோம் என்று அவர்களே சேர்த்து எழுதியிருந்தார்கள். மாற நான்கு மாதம் ஆயிற்று. அந்த அட்டை இன்னும் அந்த வகுப்பின் கதவுக்குப் பக்கத்து ஆணியில் தொங்குகிறது.