பழைய அவுட்போர்டு மோட்டார்: வாசகர் கேள்வி – பதில்

1950, 60களில் வந்த படகு மோட்டார்களைச் சீர்செய்வது பற்றி வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: கராஜ் விற்பனை ஒன்றில் 1958ஆம் ஆண்டு ஜான்சன் க்யூடி-19, 10 குதிரைசக்தி மோட்டார் வாங்கினேன். கயிற்றை இழுத்தால் சுற்றுகிறது, ஆனால் ஸ்டார்ட் ஆகவில்லை. புது பெட்ரோல், புது பிளக் போட்டும் பயனில்லை. அடுத்து எதைப் பார்ப்பது? – ஸ்கார்பரோ வாசகர்

பதில்: முதலில் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம்), அடுத்து ஸ்பார்க், அதன் பிறகுதான் பெட்ரோல். இந்த வரிசையை மாற்றினால் நாள்கணக்கில் கார்புரேட்டரைக் கழற்றி மாட்டிக்கொண்டே இருக்க நேரும்.

இரண்டு பிளக்கையும் கழற்றி, கம்ப்ரஷன் கேஜை மாட்டி, நான்கைந்து முறை வேகமாக இழுங்கள். இரண்டு சிலிண்டருக்கும் இடையே 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. ஒன்று மட்டும் குறைந்தால் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகியுங்கள். இரண்டும் 60 பிஎஸ்ஐக்குக் கீழே நின்றால் பிஸ்டன் ரிங் ஒட்டியிருக்கலாம்.

பிறகு ஸ்பார்க். இடைவெளியை மாற்றக்கூடிய டெஸ்டர் வாங்கி 6 மி.மீ. வையுங்கள். அந்த இடைவெளியை நீலப் பொறி சத்தத்தோடு தாண்ட வேண்டும். பிளக்கைக் கழற்றி ஹெட்டில் வைத்துப் பார்க்கும் சோதனையை நம்ப வேண்டாம். வெளியில் பலவீனமாகப் பொறி காட்டும் காயில் (பிளக்குக்கு மின்சாரம் தரும் கம்பிச்சுருள்), சிலிண்டருக்குள் அழுத்தம் ஏறியதும் கைவிட்டுவிடும்.

உங்கள் மோட்டாரில் பெரும்பாலும் காயில்தான் போயிருக்கும். அந்தக் காலத்துக் காயில்களின் வெளி உறை வயதாக ஆக வெடித்து, ஈரம் உள்ளே இறங்கிவிடும். அதைப் பார்க்க இன்ஜின் மேலுள்ள கனமான சக்கரமான ஃப்ளைவீலைக் கழற்ற வேண்டும். ஃப்ளைவீலின் மேலே மூன்று மரைத் துளைகள் இருக்கின்றன. அவற்றில் போல்ட் போட்டு இழுக்கும் புல்லரையே பயன்படுத்துங்கள். விளிம்பைக் கவ்வும் புல்லர் ஃப்ளைவீலைக் கோணலாக்கிவிடும். நட்டை முழுவதும் எடுக்காமல் ஷாஃப்டின் நுனியோடு சமமாக விட்டுவைத்தால் மரை சிதையாது.

உள்ளே இரண்டு காயில், இரண்டு பாயின்ட் (மின்சுற்றைத் திறந்து மூடும் தொடுமுனை), இரண்டு கண்டென்சர் (பாயின்ட் கருகாமல் காக்கும் மின்தேக்கி) இருக்கும். ஆறையும் ஒரே தடவையில் மாற்றிவிடுங்கள். இதே மேக்னட்டோ (காந்தம் சுழன்று ஸ்பார்க் தரும் இந்த அமைப்பு) ஜான்சன், எவின்ரூட் இரண்டிலும் 1970களின் நடுப்பகுதி வரை வந்ததால் உதிரிபாகம் இன்றும் புதிதாகவே கிடைக்கிறது. சியரா தயாரிப்பில் காயிலின் எண் 18-5181. இரண்டு மோட்டாரையும் செய்த ஓஎம்சி நிறுவனம் 2000 டிசம்பரில் திவாலான பிறகும் இவை நின்றுபோகவில்லை. பழைய மோட்டார் வைத்திருப்பவர்களுக்கு இதைவிட நல்ல செய்தி இல்லை.

காயிலைப் பொருத்தும்போது அதன் இரும்புத் தகடுகளின் நுனி, அது மாட்டியிருக்கும் பிளேட்டில் கடைந்திருக்கும் விளிம்போடு சமமாக நிற்க வேண்டும். வெளியே நீட்டினால் ஃப்ளைவீல் காந்தம் உரசும். உள்ளே போனால் ஸ்பார்க் குறையும். பாயின்ட் இடைவெளி, ஷாஃப்டில் சுழலும் மேடான கேம் அதை முழுதாகத் தூக்கிய நிலையில், 0.020 அங்குலம், அதாவது 0.5 மி.மீ. புதுப் பாயின்ட்டின் முகத்தில் எண்ணெய்ப் படலம் இருக்கும். ஸ்பிரிட் தொட்ட வெள்ளைக் காகிதத்தை இடையில் விட்டு இழுத்துத் துடையுங்கள். மாற்றிய பின்னும் ஸ்பார்க் வராததற்கு இந்தப் படலமே அடிக்கடி காரணம். பிளக் வயர் உள்ளே செம்புக் கம்பி உள்ளதாக இருக்கட்டும். காருக்கு வரும் கார்பன் வயர் இங்கே உதவாது.

ஃப்ளைவீலைத் திரும்ப வைக்கும்முன் ஷாஃப்டின் கூம்புப் பகுதியைத் துடைத்து உலர்த்துங்கள். கிரீஸ் வேண்டாம். நட்டை 40 முதல் 45 அடி-பவுண்டு வரை டார்க் ரென்ச்சால் முறுக்குங்கள். ஃப்ளைவீலைப் பிடித்து நிறுத்துவது கூம்பின் பிடிப்புதான், ஷாஃப்டின் பள்ளத்தில் செருகியிருக்கும் சிறு உலோகச் சாவி இல்லை. நட்டு தளர்ந்தால் சாவி வெட்டுப்பட்டு டைமிங் (பொறி வரும் நேரம்) போய்விடும்.

பெட்ரோலில் 24க்கு 1 என்ற அளவில் எண்ணெய் கலக்க வேண்டும். 5 லிட்டருக்குச் சுமார் 210 மில்லி. டிசி-டபிள்யூ3 என்று போட்ட படகு எண்ணெய்தான் வேண்டும். 50க்கு 1 என்பது பிற்கால மோட்டார்களுக்கான அளவு. இதில் போட்டால் பேரிங் தேயும்.

கேள்வி: என்னிடமுள்ள அதே காலத்து மோட்டாரின் பெட்ரோல் டாங்கிலிருந்து இரட்டைக் குழாய் வருகிறது. ஒற்றைக் குழாய் டாங்கை மாட்டலாமா? – மிசிசாகா வாசகர்

பதில்: அப்படியே மாட்ட முடியாது. உங்கள் மோட்டாரில் பெட்ரோல் பம்ப் கிடையாது. ஒரு குழாய் வழியே கிராங்க்கேஸிலிருந்து (பிஸ்டனுக்குக் கீழுள்ள மூடிய அறை) காற்று டாங்குக்குப் போய், அந்த அழுத்தத்தில் பெட்ரோல் மறு குழாய் வழியே ஏறுகிறது. அறுபது வயதைத் தாண்டிய டாங்கிலும் குழாயிலும் அழுத்தத்தோடு பெட்ரோல் நிற்பது ஆபத்து. வெடிப்பு விட்டால் பெட்ரோல் சொட்டாது, பீய்ச்சி அடிக்கும்.

கண்காட்சிக்கு வைப்பதென்றால் டாங்கின் ரப்பர் பாகங்களையும் குழாயையும் புதிதாக்கி அசலாகவே விடுங்கள். ஏரியில் ஓட்டப்போகிறீர்கள் என்றால் டயஃப்ரம் பம்ப் (சவ்வு அசைந்து பெட்ரோலை இழுக்கும் பம்ப்) வைப்பதே சரி. பம்ப் வேலைசெய்யக் கிராங்க்கேஸின் அழுத்தமும் உறிஞ்சலும் மாறி மாறி அதற்கு வர வேண்டும். பழைய அமைப்பிலுள்ள செக் வால்வு அழுத்தத்தை மட்டும் வெளியே விடும். எனவே ஒரு சிலிண்டரின் வால்வை எடுத்துவிட்டு, மற்றதன் துளையை அடைக்க வேண்டும். இதைச் செய்யாமல் பம்பை மட்டும் மாட்டியவர்கள், பம்ப் மட்டம் என்று எழுதுகிறார்கள். கழற்றிய பழைய பாகங்களை டப்பாவில் போட்டு மோட்டாரோடு வையுங்கள். அடுத்து வாங்குபவர் அசலுக்குத் திரும்ப விரும்பலாம்.

கேள்வி: தாத்தா காலத்து 3 குதிரைசக்தி எவின்ரூட் லைட்வின். டாங்கின் குழாயைத் திறந்தாலே கார்புரேட்டரிலிருந்து பெட்ரோல் வழிகிறது. ஊசி வால்வு புதிது. – தூத்துக்குடி வாசகர்

பதில்: மிதவையைப் பாருங்கள். அது தக்கைக் கட்டை. மேலே அரக்கு வார்னிஷ் பூசியது. எத்தனால் அந்தப் பூச்சைக் கரைக்கும். இப்போது இந்தியாவில் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் விற்கப்படுவதால் உங்களுக்கு இந்தச் சிக்கல் சீக்கிரமே வரும். பூச்சு போனதும் தக்கை பெட்ரோலைக் குடித்துக் கனத்து அமிழும், ஊசி மூடாது.

மிதவையைக் கழற்றி, பழைய பூச்சைச் சுரண்டி, ஒரு வாரம் நன்றாகக் காயவிடுங்கள். பிறகு சூப்பர் குளூவை மெல்லியதாக இரண்டு மூன்று பூச்சு கொடுங்கள். அது எத்தனாலைத் தாங்கும். கார்புரேட்டரின் மேல் மூடியைக் கவிழ்த்துப் பிடித்தால் மிதவை விளிம்புக்கு இணையாக நிற்க வேண்டும்.

கார்புரேட்டரின் இரண்டு திருகு ஊசிகளையும் மெதுவாக, தொட்டு நிற்கும் வரை மட்டும் மூடி, வேக ஊசியை ஒரு சுற்றும் மெது ஊசியை ஒன்றரைச் சுற்றும் திறந்து ஸ்டார்ட் செய்யுங்கள். இறுக்கி மூடினால் ஊசி நுனியில் பள்ளம் விழும். இன்ஜின் சூடானதும் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பி, பத்துப் பதினைந்து விநாடி பொறுத்துக் கேளுங்கள். கார்புரேட்டர் வழியே தும்மினால் பெட்ரோல் போதவில்லை; ஊசியைச் சற்றுத் திறந்துவிடுங்கள். வேலை முடிந்ததும் பெட்ரோல் குழாயை மூடி, கார்புரேட்டர் காலியாகும்வரை ஓடவிட்டு நிறுத்துங்கள்.

கேள்வி: பீப்பாய்த் தண்ணீரில் ஓட்டினால் பின்பக்கத்திலிருந்து தண்ணீர்த் தாரை வரவில்லை. பம்ப் போய்விட்டதா? – டொரன்டோ வாசகி

பதில்: அந்தக் காலத்து மாடல்கள் பலவற்றில் தனித் தாரை கிடையாது. மோட்டாரின் காலில், அதாவது தண்ணீருக்குள் இறங்கும் நீண்ட பகுதியில், பின்புறத் துளைகளில் புகையோடு தண்ணீர் தூவானமாக வருகிறதா என்று பாருங்கள். ஹெட்டைக் கையால் தொடுங்கள். சில நிமிட ஓட்டத்துக்குப் பிறகும் கை வைக்க முடிந்தால் தண்ணீர் போகிறது.

இருந்தாலும் எப்போது மாற்றியது என்று தெரியாத இம்பெல்லரை (தண்ணீர்ப் பம்பின் ரப்பர்ச் சக்கரம்) மாற்றிவிடுங்கள். ரப்பர் இதழ்கள் வளைந்தபடியே விறைத்திருக்கும். புதியதைப் போடும்போது டிரைவ் ஷாஃப்டைக் கடிகாரச் சுற்றாகத் திருப்பிக்கொண்டே பம்ப் மூடியை அழுத்துங்கள். இதழ்கள் சரியான பக்கம் மடியும். ஷாஃப்ட் பற்களின் பக்கவாட்டில் கிரீஸ் தடவலாம், உச்சியில் கூடாது. அங்கே கிரீஸ் சிக்கினால் காலின் கீழ்ப்பகுதி முழுதாக உட்காராது. தண்ணீர் இல்லாமல் ஒரு நிமிடம்கூட ஓட்டாதீர்கள்.

கேள்வி: கியர் ஆயில் பால்போல வருகிறது. – நீர்கொழும்பு வாசகர்

பதில்: தண்ணீர் இறங்கியிருக்கிறது. புரொப்பெல்லர் ஷாஃப்ட் சீல், டிரைவ் ஷாஃப்ட் சீல், ஷிஃப்ட் ராட் ஓ-ரிங், வடிகால் திருகுகளின் வாஷர் ஆகியவற்றை மாற்றுங்கள். புரொப்பெல்லருக்குப் பின்னால் தூண்டில் நரம்பு சுற்றியிருந்தால் சீல் வெட்டுப்பட்டதற்கு அதுவே காரணம்.

ஒரு எச்சரிக்கை. ஜான்சன், எவின்ரூட் கியர் பெட்டிகள் பலவற்றில் வடிகால் திருகுக்கு அருகில் கூட்டல் குறித் தலையுள்ள இன்னொரு திருகு இருக்கும். அதைத் தொடாதீர்கள். உள்ளே கியர் மாற்றும் நெம்புகோலை அதுதான் தாங்குகிறது. கழற்றினால் கியர் பெட்டியையே பிரிக்க வேண்டிவரும். பெரிய பிளவுத் தலைத் திருகே வடிகால். எண்ணெயைக் கீழ்த் துளையிலிருந்து ஏற்றி, மேல் துளையில் வழிந்ததும் மேலதை முதலில் மூடுங்கள்.

கேள்வி: பிரிட்டிஷ் சீகல் மோட்டாருக்கு 10க்கு 1 எண்ணெய் என்கிறார்கள். இவ்வளவு தேவையா? – லண்டன் வாசகர்

பதில்: பழைய சீகலுக்குத் தேவை, 5 லிட்டருக்கு அரை லிட்டர். பிற்கால மாடல்கள் 25க்கு 1. பழையதை 25க்கு மாற்ற நினைத்தால் கார்புரேட்டர் ஊசியையும் மாற்ற வேண்டும். கியர் பெட்டிக்கு எஸ்ஏஇ 140 எண்ணெய். அதில் கொஞ்சம் தண்ணீர் கலப்பது சீகலின் இயல்பு; அடிக்கடி மாற்றினால் போதும்.

கேள்வி: பெயின்ட் எப்போது அடிப்பது? – சிட்னி வாசகர்

பதில்: மோட்டார் பீப்பாயில் அரைமணி நேரம் ஒழுங்காக ஓடிய பிறகு. அலுமினியத்தின் மேல் எட்ச் பிரைமர் (உலோகத்தைப் பற்றிக்கொள்ளும் அடிப்பூச்சு) இல்லாமல் எந்தப் பெயின்ட்டும் நிற்காது. பெயர் ஸ்டிக்கர்களைச் சுரண்டும் முன் அளவோடு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.