ஃபிரிட்ஜுக்குத் திண்டு கட்டலாமா, அண்ணாச்சி?

கேள்வி: அண்ணாச்சி, வணக்கம். எங்கள் வீடு திருநெல்வேலி வண்ணார்பேட்டையில், ஆற்றுக்குப் போகிற பக்கம். மாமனார் காலத்து வீடு. 2023 டிசம்பர் வெள்ளத்தில் அடுக்களைக்குள் இரண்டரை அடி தண்ணீர் நின்றது. ஃபிரிட்ஜ் மிதந்துபோய் ஆட்டுரல் மேல் மல்லாக்கக் கிடந்தது, கிரைண்டர் மோட்டாரும் போய்விட்டது. இப்போதுதான் கையில் கொஞ்சம் காசு சேர்ந்து அடுக்களையை இடித்துக் கட்டுகிறோம். கொத்தனார், "சுவரு ஓரமா ஒன்றரை அடிக்கு நீளமா ஒரு திண்டு கட்டிருவோம்க்கா, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், கிரைண்டர் எல்லாத்தையும் வரிசையா மேல ஏத்திரலாம்" என்கிறார். என் வீட்டுக்காரர், இடத்தை அடைக்கிற வேலை, வேண்டாம் என்கிறார். அத்தைக்கு எழுபத்திரண்டு வயது, குனிந்தால் நிமிர முடியவில்லை, அதனால் அவர்கள் கொத்தனார் கட்சி. நான் யார் பக்கம் நிற்க?
— வாசகி, வண்ணார்பேட்டை

பதில்: முதலில் ஒரு சின்னக் கணக்கு, தங்கச்சி. தண்ணீர் நின்றது இரண்டரை அடி. கொத்தனார் கட்டப்போவது ஒன்றரை அடி. மிச்சம் ஒரு அடி தண்ணீர் திண்டுக்கு மேலே நிற்குமே, அதற்கு என்ன பதில்? ஃபிரிட்ஜின் கம்ப்ரசர் பின்பக்கம் அடியில்தான் உட்கார்ந்திருக்கிறது. அந்த ஒரு அடித் தண்ணீரே அதற்குத் தாராளம். அதுவும் போக, ஃபிரிட்ஜ் என்பது வெறும் காற்றடைத்த பெட்டி, ஒரு அடி தண்ணீர் சூழ்ந்தாலே மிதக்கப் பார்க்கும். தரையில் நின்றது மிதந்தால் ஆட்டுரலில் போய்ச் சாயும், திண்டில் நின்றது மிதந்தால் திண்டிலிருந்து குப்புற விழும். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆகவே ஆற்று வெள்ளத்துக்குப் பயந்து திண்டு கட்டுகிறேன் என்றால் நான் வேண்டாம் என்றுதான் சொல்லுவேன். 1992 நவம்பரில் தாமிரபரணி ஊருக்குள் வந்ததைப் பார்த்தவன் நான். அதற்கு முப்பத்தொரு வருஷம் கழித்து, 2023 டிசம்பர் 17, 18-இல் மறுபடியும் வந்தது, காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. அதை எந்தக் கொத்தனார் திண்டு கட்டித் தடுப்பார்? நம்ம ஊரில் குறுக்குத்துறை முருகன் கோயில் ஆற்றுக்குள்ளேயே இருக்கிறது, வெள்ளம் வருகிறது என்றால் உற்சவரைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்குப் போய்விடுவார்கள், மூலவர் தண்ணீருக்குள்ளேயே இருப்பார். வீட்டுக்கும் அதே ஏற்பாடுதான். மிக்ஸி, டேபிள் டாப் கிரைண்டர், அரிசி டின் இதெல்லாம் உற்சவர், மச்சுக்கு ஏற்றிவிடலாம். ஃபிரிட்ஜ் மூலவர்.

திண்டுக்கு என்று ஒதுக்கிய காசில் முதலில் பிளக் பாயிண்டுகளைத் தூக்குங்கள். பழைய வீடுகளில் ஃபிரிட்ஜ் பாயிண்ட் தரையிலிருந்து ஒரு அடியில் இருக்கும். சுவரில் வெள்ளக் கறை இன்னும் தெரிந்தால், வெள்ளையடிப்பதற்கு முன்னால் அதற்கு மேலே ஒரு முழம் அளந்து கோடு போட்டு, அந்தக் கோட்டுக்குக் கீழே அடுக்களையில் ஒரு பாயிண்டும் இருக்கக் கூடாது என்று எலெக்ட்ரீஷியனிடம் கறாராகச் சொல்லிவிடுங்கள். கூடவே, மின்சாரம் கசிந்தால் தானே இணைப்பைத் துண்டிக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் டைல்ஸில் கொஞ்சம் காசைக் குறைத்தாவது அதைப் போடுங்கள்.

சரி, அப்படியானால் திண்டே வேண்டாமா என்றால், அதுவும் இல்லை. உங்கள் அத்தை சொல்வதில்தான் விஷயம் இருக்கிறது. திண்டு கட்டுவது ஆற்றுக்காக இல்லை, குனிகிற இடுப்புக்காக. அப்புறம், வாருகால் அடைத்துக்கொண்டு கணுக்கால் அளவுக்கு உள்ளே ஏறுகிற தண்ணீர், மெஷின் ஹோஸ் கழன்று கொட்டுகிற தண்ணீர், தரை கழுவி விடுகிற தண்ணீர், இந்தச் சில்லறைத் தண்ணீருக்கு நாலு அங்குலம், ஆறு அங்குலம் போதும். அப்படிப் பார்த்தால் மூன்று சாமானுக்கும் ஒரே உயரத்தில் நீளத் திண்டு என்பது தப்பு, ஒவ்வொன்றுக்கும் குனிகிற கணக்கு வேறு.

வாஷிங் மெஷின் மேலே திறக்கிறதா, முன்னால் திறக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. மேலே திறக்கிறது என்றால் பேச்சே இல்லை, அது ஏற்கெனவே மூன்றடிப் பக்கம் நிற்கும், அதை ஒன்றரை அடி ஏற்றினால் அடியில் கிடக்கிற கைக்குட்டையை எடுக்க அத்தை ஸ்டூல் போட்டுத் தலையை உள்ளே விட வேண்டியதுதான். முன்னால் திறக்கிறது என்றால் ஒரு அடித் திண்டு அருமையான காரியம். கதவு இடுப்பருகே வந்துவிடும், ஈரத்துணியைக் குந்தி உட்கார்ந்து இழுக்க வேண்டாம்.

ஆனால் கட்டுகிற மாதிரி கட்ட வேண்டும், நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பாளையங்கோட்டையில் என் வீட்டில் நானே பக்கத்தில் நின்று கட்டிய திண்டு, மேலே வழவழவென்று டைல்ஸ், பார்த்தவர்கள் எல்லாம் சாமி பீடம் மாதிரி இருக்கே என்றார்கள். மூன்றாம் நாள் ஒரு கனத்த போர்வையைப் போட்டு ஓட்டினோம். பிழிகிற சுற்று வந்ததும் மெஷின் கிடுகிடுவென்று ஆட ஆரம்பித்து, ஆடிக்கொண்டே அங்குலம் அங்குலமாக முன்னால் நடந்து வந்து, முன்கால் இரண்டும் விளிம்பில் நிற்கிறது! வீட்டுக்காரி வயிற்றைக் கொடுத்து அதை முட்டுக்கொடுத்துக்கொண்டு "ஏங்க, சுவிட்சை அமத்துங்க" என்று கத்த, நான் இடுப்புச் சாரத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டு ஓடினேன். முன்னால் திறக்கிற மெஷின் அறுபது, எழுபது கிலோ இருக்கும், ஆட்டத்தை அடக்கத்தான் உள்ளேயே கான்கிரீட் கட்டி வைத்து அனுப்புகிறார்கள், அது நிமிஷத்துக்கு ஆயிரம் சுற்றுக்கு மேல் சுற்றும்போது வழவழப்பான டைல்ஸில் எங்கே நிற்கும்?

அதனால் மெஷின் திண்டை உள்ளே பொள்ளலாக விடாமல், இடித்த செங்கலையும் மண்ணையும் கொட்டி மூடாமல், முழுக்கச் செங்கலோ கான்கிரீட்டோ போட்டு நிரப்பச் சொல்லுங்கள். பொள்ளலாக விட்டால் முதலில் குடிவருவது பெருச்சாளிதான். மேலே சொரசொரப்பான டைல்ஸ், முன் ஓரத்தில் அரை அங்குலம் ஏற்றி ஒரு வரம்பு, இரண்டு பக்கமும் கை நுழைகிற மாதிரி மூன்று விரல் இடம். புழங்குகிற இடத்தில் தரை வாட்டமாக இருக்கும், திண்டின் மேல்பக்கம் வாட்டமே இருக்கக் கூடாது, ரசமட்டம் வைத்து நாலு பக்கமும் நீங்களே பாருங்கள். இன்னொன்று, எல்லாரும் மறக்கிறது: திண்டு ஒரு அடி ஏறினால் பைப்பும் ஏற வேண்டும். அழுக்குத் தண்ணீர் போகிற ஹோஸ் மெஷினின் காலிலிருந்து இரண்டு அடி முதல் மூன்றேகால் அடிக்குள் சுவரில் மாட்டும்படி பெரும்பாலும் கேட்பார்கள், உங்கள் மெஷினோடு வந்த புத்தகத்திலும் ஒருதரம் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய உயரத்திலேயே தாழ்வாக விட்டால் மெஷின் தண்ணீர் பிடிக்கப் பிடிக்க அது பாட்டுக்கு வெளியே போய்க்கொண்டிருக்கும், நீங்கள் மெஷின் ரிப்பேர் என்று ஆளைக் கூப்பிடுவீர்கள்.

கிரைண்டருக்கு வருவோம். இதுதான் அத்தைக்கு முக்கியம். கட்டுவதற்கு முன்னால் பூசாமல் சும்மா செங்கலை அடுக்கிப் பாருங்கள், நாலு வரி அடுக்கினால் ஒரு அடி வரும். அதன்மேல் கிரைண்டரை வைத்து, ஓட்டாமல், தண்ணீர் ஊற்றி, மாவு வழிக்கிற மாதிரி அத்தையை வழிக்கச் சொல்லுங்கள். ஒரு வரி கூட்டுங்கள், ஒரு வரி குறையுங்கள். அவர்கள் முகத்தைப் பார்த்தாலே எந்த உயரம் என்று தெரிந்துவிடும், கொத்தனாருடைய டேப் தேவையில்லை. சாய்த்து ஊற்றுகிற டில்டிங் கிரைண்டர் என்றால் திண்டின் விளிம்போரமாக நிற்க வேண்டும், அதன் வாய்க்குக் கீழே தூக்குப்போணியோ அண்டாவோ வைக்க இடம் வேண்டும், சுவரோடு ஒட்டி உள்ளே தள்ளி வைத்துவிட்டால் மாவு திண்டுக்குத்தான். கல்லைத் தூக்கிக் கழுவுகிற வகை என்றால் உயரம் கொஞ்சம் குறைவாகவே இருக்கட்டும், தோள்பட்டை உயரத்துக்குக் கல்லைத் தூக்குவது குனிவதைவிடக் கஷ்டம்.

ஃபிரிட்ஜ் விஷயத்தில் நான் உங்கள் வீட்டுக்காரர் கட்சி. ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜ் நாலேகால் அடி, நாலரை அடி, அதை ஒரு அடி ஏற்றினால் காய்கறி டிரே கைக்கு எட்டும், கெடுதல் இல்லை. ஆனால் அடுத்த ஃபிரிட்ஜும் அதே அளவில்தான் வாங்குவீர்களா? இரட்டைக் கதவு என்றால் ஐந்தரை, ஐந்தேமுக்கால் அடி. ஒன்றரை அடித் திண்டில் ஏற்றினால் ஏழு அடி தாண்டி, ஏழடியில் போட்டிருக்கிற பரணில் முட்டும், சூடு வெளியேற மேலே விட வேண்டிய நாலு அங்குலமும் இருக்காது. அகலமும் அப்படித்தான், இரண்டடித் திண்டு கட்டிவிட்டு இரண்டேகால் அடி ஃபிரிட்ஜ் வந்தால் கால் தொங்கும். ஃபிரிட்ஜ் பத்துப் பன்னிரண்டு வருஷம், கொத்தனார் கட்டிய திண்டு முப்பது வருஷம். இன்றைக்கு இருக்கிற ஃபிரிட்ஜை அளந்து அடுத்த இரண்டு ஃபிரிட்ஜுக்கும் சேர்த்துக் கட்டாதீர்கள். கடையில் விற்கிற ஸ்டாண்டு போதும், இல்லை என்றால் நாலு அங்குலத்துக்கு மேல் போகாமல் இரண்டேமுக்கால் அடி சதுரத்துக்கு ஒரு மேடை, அதுவும் ஃபிரிட்ஜுக்கு வெளியே முன்னால் அதிகம் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது, காலில் இடித்து நகம் பெயரும்.

கொத்தனாரிடம் இப்படிச் சொல்லுங்கள்: நீளத் திண்டு வேண்டாம், மெஷினுக்கு ஒன்று, கிரைண்டருக்கு அத்தை சொன்ன உயரத்தில் ஒன்று, ஃபிரிட்ஜுக்கு ஸ்டாண்டு போதும். முகம் சுளிப்பார், வேலை குறைகிறதே. ஒரு டம்ளர் காப்பி கூடக் கொடுத்துச் சமாளியுங்கள்.

கேள்வி: அடுக்களைத் தரையில் எப்போதும் ஈரம். சிலிண்டர் அடியில் துருப்பிடித்துத் தரையெல்லாம் வட்டக் கறை. சிலிண்டருக்கும் ஒரு அடித் திண்டு கட்டலாமா?
— வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: கட்டாதீர்கள். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனம், கசிந்தால் கீழே இறங்கித் தரையோடு படரும். சிலிண்டர் தரையில் நேராக நிற்க வேண்டும், அடுப்பு அதைவிட உயரத்தில் இருக்க வேண்டும், கசிந்தது வெளியேறத் தரையோரம் சுவரில் ஒரு ஜன்னலோ ஓட்டையோ இருக்க வேண்டும். சிலிண்டரை ஏற்ற ஏற்ற இந்த ஏற்பாடு கெடுகிறது. கறைக்கு ஒரு ரப்பர் வளையம் வாங்கி அடியில் போடுங்கள், முடிந்தது.

நீங்களும் ஆற்றோரம்தான் என்பதால் இன்னொன்று. நிறைந்த சிலிண்டர் கனமாயிற்றே, வெள்ளத்தில் அசையாது என்று நினைக்க வேண்டாம். சிலிண்டரும் கேஸும் சேர்ந்து முப்பது கிலோவுக்குப் பக்கம், அது தள்ளுகிற தண்ணீரோ முப்பத்தைந்து கிலோ வரும், ஆகையால் நிறைந்ததும் மிதக்கும். தண்ணீர் வாசல் படி ஏறும்போதே ரெகுலேட்டரைக் கழற்றி மூடியைப் போட்டு, சங்கிலியால் ஜன்னல் கம்பியில் கட்டிவிடுங்கள்.

கேள்வி: திண்டெல்லாம் எதற்கு, சக்கரம் வைத்த ஸ்டாண்டு போதாதா? கூட்டிப் பெருக்கும்போது தள்ளிவிட்டுக்கொள்ளலாமே.
— வாசகி, களக்காடு

பதில்: ஃபிரிட்ஜுக்கு வைக்கலாம், சக்கரத்துக்குப் பூட்டு இருக்கிற ஸ்டாண்டாக இருந்தால். முன்பக்கம் ஒரு நூல் உயர்த்தி வையுங்கள், கதவு தானாகச் சாத்திக்கொள்ளும். வாஷிங் மெஷினுக்குச் சக்கரம் வேண்டவே வேண்டாம். என் மெஷின் சக்கரம் இல்லாமலேயே நடந்து வந்த கதையை மேலே படித்திருப்பீர்கள்.